பழைய காஸ் லைட்டு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: மீட்டர் முள்ளை நம்பி ஏற்றாதீர்கள்

பழைய பெட்ரோமாக்ஸ் விளக்குகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, 'ஜெர்மன் ஒரிஜினல், சர்வீஸ் பண்ணது, எரியற கண்டிஷன்' என்று விற்கிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அலங்காரத்துக்காக வாங்கி ஷெல்ஃபில் வைக்கப் போகிறீர்கள் என்றால் நஷ்டம் பணத்தோடு போய்விடும். ஏற்றுவதற்காக வாங்குகிறீர்கள் என்றால் இதைப் பொறுமையாகப் படித்துவிடுங்கள். எங்கள் வீட்டுத் தோட்டத்தில் நடந்தது கோயில் திடலில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்னும் கை உதறுகிறது.

செஞ்சிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும். ஒரு ராத்திரியாவது ஃபோகஸ் லைட்டையெல்லாம் அணைத்துவிட்டு, அந்தக் காலத்து மாதிரி காஸ் லைட்டு வெளிச்சத்தில் கூத்து பார்க்க வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்களுக்கு ஆசை. கூத்தாடிகளுக்கும் சந்தோஷம்தான். கிரீடத்தில் ஒட்டிய கண்ணாடிச் சில்லு அந்த வெளிச்சத்தில் மின்னுகிற மாதிரி வேறு எதிலும் மின்னாது என்பார்கள். விளக்கு வாங்கிவரும் பொறுப்பு என்னிடம் வந்தது.

வீடியோ போட்டு விற்கும் ஒரு பழம்பொருள் கடைக்காரரைப் பிடித்தேன். பெயரும் ஊரும் வேண்டாம். வாட்ஸ்அப்பிலேயே தெளிவாகக் கேட்டேன். கூட்டத்துக்கு நடுவே ராத்திரி முழுக்க எரிய வேண்டிய விளக்கு, டேங்க்கில் பிரஷர் நிற்குமா, ஒட்டுப்போட்ட இடம் ஏதாவது இருக்கிறதா, காற்று விடுகிற திருகு வேலை செய்கிறதா என்று மூன்றையும் எழுதிக் கேட்டேன். 'எல்லாம் பக்கா சார், ஒரு சொட்டு லீக் கிடையாது' என்று பதில். நேரில் போனபோது என் எதிரிலேயே பம்ப் அடித்து ஏற்றிக் காட்டினார். பிரஷர் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டில் நின்றது, வெளிச்சம் கண்ணைக் கூசியது. இரண்டு நிமிஷத்தில் அணைத்துவிட்டு, 'மேண்டில் வீணாப் போயிடும் சார்' என்றார். (மேண்டில் என்பது சூட்டில் வெள்ளையாக ஒளிரும் சின்ன வலைப் பை.) விளக்குக்கு 7,000 வீதம் இரண்டுக்கு 14,000 ரூபாய் கொடுத்தேன். பில் கேட்டு வாங்கினேன். அதுதான் இன்றைக்குக் கைகொடுக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என்ன மோசடி நடந்தது என்பது புரியாது. குழாய் வழியாக காஸ் வந்து எரிகிற தெருவிளக்குகள் உண்டு. லண்டனிலும் பெர்லினிலும் இன்றைக்கும் சில தெருக்களில் எரிகின்றன. அங்கே காஸின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள் குழாய் வழியிலேயே இருக்கும், விளக்குக்கு வந்து சேரும்போது அழுத்தம் அளவாகத்தான் இருக்கும். நம் வீட்டு அடுப்பு சிலிண்டரில் இருக்கும் ரெகுலேட்டரும் அந்த வேலையைத்தான் செய்கிறது. ஆனால் நாம் காஸ் லைட்டு என்று சொல்கிற இந்த விளக்குக்குக் காஸ் வெளியிலிருந்து வருவதில்லை. டேங்க்கில் ஊற்றிய மண்ணெண்ணெயைக் காற்றழுத்தம் மேலே தள்ளுகிறது. ஏற்கெனவே ஸ்பிரிட் எரித்துச் சூடாக்கிய குழாயில் அது ஆவியாகிறது. அந்த ஆவி நிப்பிளின் ஊசித்துளை வழியாகச் சீறி வந்து, காற்றோடு கலந்து, மேண்டிலில் எரிகிறது. நடுவில் தானாக இயங்கும் ரெகுலேட்டர் எதுவும் கிடையாது. பிரஷர் எவ்வளவு என்று சொல்ல ஒரு மீட்டர், அதிகமானால் வெளியே விட ஒரு திருகு, ஆவியை அளந்து விட ஒரு நிப்பிள் துளை, குறைந்தால் கூட்ட நம் கை. அவ்வளவுதான் பாதுகாப்பு. சாதாரணமாக 2 கிலோ பிரஷர் அளவில், அதாவது மீட்டரின் சிவப்புக் கோட்டில் வைத்து எரிப்பார்கள். டேங்க் சுமார் 1 லிட்டர் பிடிக்கும், அது ஏறக்குறைய 8 மணி நேரம் வரும். இடையில் வெளிச்சம் மங்கும்போது நாலு பம்ப் அடித்தால் போதும்.

எனக்கு விற்ற விளக்கில் மீட்டர், திருகு, நிப்பிள் மூன்றுமே பொய்.

திருவிழாவுக்கு முன்பு வீட்டுத் தோட்டத்தில் ஒன்றை ஏற்றிப் பார்த்தோம். ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்கி, சிவப்புக் கோட்டைத் தாண்டாமல் பம்ப் அடித்து, முறைப்படிதான் ஏற்றினோம். முதலில் நன்றாகத்தான் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் வெள்ளை வெளிச்சம் மஞ்சளாயிற்று, மேண்டில் ஒரு பக்கம் கறுத்தது, சிம்னிக்கு மேலே புகை கிளம்பியது. உள்ளேயிருந்து எண்ணெய் பொட்டுப் பொட்டாக டேங்க்கின் தலையில் விழ ஆரம்பித்து, அதுவும் பற்றிக்கொண்டது. டேங்க் சூடானால் உள்ளே பிரஷர் ஏறும். பிரஷர் ஏறினால் இன்னும் எண்ணெய் வரும், தீ இன்னும் பெரிதாகும். உடனே காற்றை விட்டால்தான் அடங்கும். சித்தப்பா துணியைச் சுற்றிக்கொண்டு திருகைப் பிடித்துத் திருப்பினார். அது அசையவே இல்லை. மேலே போகிற எண்ணெயை நிறுத்தும் பக்க வால்வை மூடினோம், அது முழுதாக மூடவில்லை. கடைசியில் பிள்ளைகளையெல்லாம் தெருப்பக்கம் விரட்டிவிட்டு, ஈரச் சாக்கைப் போர்த்தி, மேலே மணலை வாரிக் கொட்டி அடக்கினோம். சித்தப்பாவின் வலது கையில் இரண்டு விரல் கொப்பளித்துவிட்டது.

மறுநாள் இரண்டு விளக்கையும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். கல்யாணத்துக்கும் கூத்துக்கும் காலமெல்லாம் காஸ் லைட்டு வாடகைக்குக் கொடுத்தவர். கரண்ட் எல்லா ஊருக்கும் வந்த பிறகும் தொழிலை விட மனசில்லாமல் இரண்டு விளக்கை வைத்திருக்கிறார். அவர் எரிந்த விளக்கைத் தொடவே இல்லை. ஏற்றாத விளக்கை எடுத்தார்.

"மூடியக் கழட்டு தம்பி."

கழற்றிக் கொடுத்தேன். மீட்டர் அந்த மூடியிலேயே இருக்கும். அதைத் துடைத்து உள்ளங்கையில் வைத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். முள் சிவப்புக் கோட்டில் நின்றது.

"காத்தே இல்லாத எடத்துல ரெண்டு கிலோ காட்டுது பாரு. இத வெச்சுக்கிட்டு நீ எத்தன பம்ப்பு அடிப்ப?"

கண்ணாடியைப் பிரித்து முள்ளை அந்த இடத்திலேயே அசையாமல் ஒட்டியிருக்கிறார்கள். கண்ணாடி ஓரத்தில் பசை வழிந்து காய்ந்த தடம் தெரிந்தது. அடுத்து, காற்று விடும் திருகு. அதன் அடியில் காற்று கசிந்திருக்க வேண்டும். வாஷரை மாற்றாமல் ஈயத்தை உருக்கி ஊற்றி அடைத்து, மேலே பாலிஷ் போட்டுவிட்டார்கள். ஒரு முறை பம்ப் அடித்த விளக்கிலிருந்து காற்றை வெளியே விட வழியே இல்லாமல் செய்திருக்கிறார்கள். இதைச் செய்தவருக்கு என்ன செய்கிறோம் என்று தெரியாமல் இருந்திருக்க முடியாது.

மூன்றாவதுதான் எனக்குப் புரியவே நேரம் பிடித்தது. நிப்பிளைக் கழற்றி வெயிலில் பிடித்துக் காட்டினார். தன்னுடைய விளக்கின் நிப்பிளையும் பக்கத்தில் வைத்தார். அவருடையதில் துளை இருப்பதே தெரியவில்லை, எங்களுடையதில் வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது. துளையைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். டேங்க் ஓட்டையாக இருந்தால் 2 கிலோ பிரஷர் நிற்காது. துளையைப் பெரிதாக்கிவிட்டால் குறைந்த பிரஷரிலும் நிறைய ஆவி வரும், கடையில் இரண்டு நிமிஷம் ஜம்மென்று எரியும். நேரம் ஆக ஆக, வருகிற எண்ணெயை ஆவியாக்கக் குழாயின் சூடு போதாது. பச்சை எண்ணெயாகவே கொட்டும். கடைக்காரர் அவசரமாக அணைத்ததற்குக் காரணம் மேண்டில் இல்லை.

டேங்க்கையும் சோதித்தார். எண்ணெயை வடித்துக் காயவைத்து, தன்னுடைய மூடியைப் போட்டு இறுக்கி, பம்ப் அடித்து வாளித் தண்ணீரில் அமுக்கினார். அடிப்பக்கத்து மூட்டு நெடுகக் குமிழி. நகத்தால் சுரண்டினால் நிக்கல் நிறப் பூச்சுக்குக் கீழே எம்-சீல் பெயர்ந்து வந்தது. ஈயப்பற்று வைக்க வேண்டிய இடத்தில் பசையை அப்பியிருக்கிறார்கள்.

'ஜெர்மன் ஒரிஜினல்' என்பதும் அப்படியே. பெட்ரோமாக்ஸ் பெர்லினைச் சேர்ந்த எரிச் அண்டு கிரேட்ஸ் கம்பெனியின் தயாரிப்பு. பெட்ரோலியத்தோடு, கம்பெனியை நடத்திய மாக்ஸ் கிரேட்ஸின் பெயரைச் சேர்த்து வைத்த பெயர். அதே அமைப்பில் இந்தியாவிலும் ஏராளமான விளக்குகள் செய்தார்கள், அவற்றில் நல்லவையும் உண்டு. எங்களுக்கு வந்ததில் 'ஜெர்மனி' என்ற எழுத்தைப் பிறகு பொறித்திருக்கிறார்கள். அழுக்கேறிய பித்தளையில் அந்த எழுத்தின் பள்ளம் மட்டும் புதிதாக மின்னியது. உள்ளூர்ச் சாமான் என்பதில் எனக்கு வருத்தமில்லை. பொய் சொல்லி விற்றதில்தான் கோபம்.

மேண்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. கடைக்காரர் கூடவே ஒரு பொட்டலம் பழைய மேண்டில் கொடுத்திருந்தார், பாதி உதிர்ந்து தூளாக இருந்தது. அதை வாயால் ஊதாதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். பழைய மேண்டிலில் இருப்பது பெரும்பாலும் தோரியம், அதற்குக் கதிரியக்கம் உண்டு. தூளாக மூச்சில் போகக் கூடாது. (அந்தத் தோரியத்துக்கும் நமக்கும் பழைய உறவு இருக்கிறது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இங்கிருந்து போன தென்னை நார்ச் சரக்கில் ஒட்டியிருந்த மணலில், தோரியம் உள்ள மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்தார். இப்போதைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலை ஐரோப்பா தேடி வந்ததே காஸ் மேண்டிலுக்காகத்தான்.)

கடைக்காரருக்கு ஃபோன் செய்தேன். "நீங்க பம்ப் ஓவரா அடிச்சிருப்பீங்க" என்றார். முள் ஒட்டியிருப்பதைச் சொன்னதும் பேச்சு மாறியது. "பழைய சாமான்னா அப்படித்தான் சார், இதெல்லாம் ஷோவுக்குத்தான். யார் ஏத்தச் சொன்னா?" ஏற்றிக் காட்டி விற்றவர் அவர். இன்னொன்றும் சொன்னார்: "கிருஷ்ணாயில் சரியில்ல, கொஞ்சம் பெட்ரோல் கலந்து பாருங்க." தயவுசெய்து யாரும் இதைச் செய்துவிடாதீர்கள். மண்ணெண்ணெய்க்காகச் செய்த விளக்கில், அழுத்தம் ஏற்றிய டேங்க்கில், ஒரு மூடி பெட்ரோல்கூடப் போகக் கூடாது. ரேஷன் மண்ணெண்ணெய் சுலபமாகக் கிடைக்காத காலத்தில் இந்த யோசனையைக் கேட்டு யாராவது செய்து பார்த்துவிடுவார்களோ என்பதுதான் என் பெரிய பயம்.

திருவிழாவில் காஸ் லைட்டுக் கூத்து நடந்தது, பெரியவரின் சொந்த விளக்குகளில். அவர் மீட்டரைப் பார்க்கவே இல்லை. சீறல் சத்தம் தணிந்தால் எழுந்துவந்து பம்ப் அடிப்பார். கட்டைவிரலுக்கு எதிராகப் பம்ப் எவ்வளவு முரண்டுகிறது என்பதை வைத்து நிறுத்துவார். வெளிச்சம் மஞ்சளடித்தால் திருகைக் கால் சுற்றுத் திருப்பி 'புஸ்' என்று கொஞ்சம் விட்டு மூடுவார். அந்தப் பழக்கம் நமக்கு இல்லை. அதனால்தான் கருவி சரியாக இருக்க வேண்டியது நமக்கு இன்னும் முக்கியம்.

வாங்குவதாக இருந்தால் பாலிஷைப் பார்க்காதீர்கள். மூடியைக் கழற்றச் சொல்லுங்கள், வெளியே எடுத்த மீட்டரில் முள் பூஜ்யத்துக்கு வர வேண்டும். பம்ப் அடிக்க அடிக்க முள் படிப்படியாக ஏற வேண்டும். திருகைத் திறந்தால் காற்று சீறி வெளியேறி முள் இறங்க வேண்டும். காலி டேங்க்கைத் தண்ணீரில் அமுக்கிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் கிளம்பிவிடுங்கள். கூரியரில் வாங்குகிறவர்கள் இதையெல்லாம் வீடியோ காலில் கேட்கலாம். ஏற்றிக் காட்டினால் கால் மணி நேரமாவது எரியவிட்டுப் பாருங்கள். டேங்க் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடக் கூடாது. வீட்டில் ஏற்கெனவே ஒரு விளக்கு இருந்தாலும், இந்தச் சோதனையெல்லாம் முடியாமல் தீக்குச்சி உரசாதீர்கள். முதல் முறை வெட்டவெளியில்தான், பக்கத்தில் மணலும் ஈரச் சாக்கும் வைத்துக்கொண்டு.

எங்கள் பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சடித்திருந்தது. அதைப் பார்த்து விட்டுவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள்ளும், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். அதன் பிறகு கடைக்காரர் தானாகவே கூப்பிட்டு ஒரு விளக்குக்கு மட்டும் பணம் தருவதாகச் சொன்னார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனு தயாராக இருக்கிறது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. வாட்ஸ்அப் உரையாடல், பில், ஒட்டிய முள்ளின் படம், பெரியவர் தண்ணீரில் அமுக்கியபோது எடுத்த வீடியோ எல்லாம் இணைத்திருக்கிறேன். ஒரே ஆளிடம் இப்படி ஏமாந்தவர்கள் பலர் இருந்தால் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே மனு போடவும் வழி உண்டு. உங்களிடம் இந்த மாதிரி விளக்கு வந்திருந்தால் அதைச் சரிசெய்யக் கொடுப்பதற்கு முன்னால் மீட்டர், திருகு, நிப்பிள், டேங்க்கின் அடி மூட்டு நான்கையும் கிட்டத்தில் படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.