குழந்தைகள் செலவை யார் தலையில் கட்டுவது? நான்கு ஊர், நான்கு வரி

பாலர் பள்ளிக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கும் மேலிருந்து வரும் பணம் போதாமல், அமெரிக்காவில் பல ஊர்கள் தாங்களே வரி போட்டுக்கொள்கின்றன. குழந்தைகளுக்குச் செலவு செய்வதை எதிர்ப்பவர்கள் குறைவு. சண்டை எல்லாம் யாரிடம் வாங்குவது என்பதில்தான்.

மூத்தது ஃப்ளோரிடாவின் சொத்து வரி. அங்கே பினெல்லஸ் கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) மக்கள் 1946-லேயே வாக்களித்து, குழந்தைகளுக்கென்று தனி வாரியமும் தனி வரியும் ஏற்படுத்திக்கொண்டார்கள். நம்மூர் வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வாங்குகிறார்களே, அந்த மாதிரி. பிறகு மாநிலச் சட்டம் மற்ற கவுன்டிகளுக்கும் வழிவிட்டது. உச்சவரம்பு, வரிக்குரிய மதிப்பில் 1,000 டாலருக்கு 50 சென்ட். 2 லட்சம் டாலர் வீட்டுக்கு வருடம் 100 டாலர்.

மயாமி நகரம் இருக்கும் மயாமி-டேட் கவுன்டியில் 1988-ல் இதே யோசனை தோற்றது. 2002-ல் மயாமி ஹெரால்ட் நாளிதழின் முன்னாள் பதிப்பாளர் டேவிட் லாரன்ஸ் முன்னின்று மறுபடி கொண்டுவந்தபோது, சில ஆண்டுகளில் திரும்பவும் உங்களிடமே ஒப்புதல் கேட்போம் என்ற நிபந்தனையும் சேர்ந்திருந்தது. வென்றது. சொன்னபடி 2008-ல் கேட்டார்கள். வீட்டு விலை சரிந்து ஊரே கலங்கியிருந்த நேரம். ஆனாலும் ஏறத்தாழ 85% பேர் ஆதரித்தார்கள்.

குறை இல்லாமல் இல்லை. குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பு வருடத்துக்கு 3%-க்கு மேல் ஏறக்கூடாது என்பது அங்கே சட்டம். வீடு கைமாறினால் மதிப்பு மறுபடி சந்தை விலைக்கு வந்துவிடும். அதனால் ஒரே தெருவில், ஒரே அளவு வீட்டுக்கு, நேற்று குடிவந்த இளம் குடும்பம் முப்பது வருடமாக இருப்பவரைவிடப் பல மடங்கு கட்டலாம். கைக்குழந்தை இருப்பது பெரும்பாலும் புதிதாகக் குடிவந்தவர் வீட்டில்தான்! போதாக்குறைக்கு, சொந்தக் குடியிருப்புகளுக்குச் சொத்து வரியே வேண்டாம் என்கிறார் ஆளுநர் ரான் டிசான்டிஸ்.

டென்வர் 2006-ல் விற்பனை வரியைப் பிடித்தது: 100 டாலருக்கு 12 சென்ட், பிறகு 15. 2023-ல் அதை நிரந்தரமாக்கவும் மக்கள் சம்மதித்தார்கள். யாருக்கும் வலிக்காது, ஊர் சுற்ற வந்தவரும் கொடுத்துவிட்டுப் போவார். ஆனால் சம்பளம் முழுவதையும் கடையில் செலவழிக்கிறவர் வருமானத்தில் பெரிய பங்கைக் கொடுக்கிறார். வியாபாரம் படுத்தால் நிதியும் படுத்துவிடும்.

ஃபிலடெல்ஃபியாவின் சோடா வரிதான் எனக்குப் பிடிக்காதது. 2017 தொடக்கத்திலிருந்து அவுன்ஸுக்கு 1.5 சென்ட், 2 லிட்டர் பாட்டிலுக்கு ஒரு டாலருக்குச் சற்று மேல். மேயர் ஜிம் கென்னி இதை உடல்நலம் என்று சொல்லி விற்கவில்லை, பாலர் பள்ளிக்குப் பணம் என்றே வெளிப்படையாகச் சொன்னார். சர்க்கரை இல்லாத டயட் பானத்துக்கும் வரி உண்டு என்பதே அதற்குச் சாட்சி. 2016 அதிபர் தேர்தலுக்கு ஒரே கட்சியில் வேட்பாளராகப் போட்டியிட்ட இருவரில், ஏழைகள் மீதான வரி என்று பெர்னி சாண்டர்ஸ் எதிர்த்தார், ஹிலரி கிளின்டன் ஆதரித்தார். நகர எல்லையைத் தாண்டிப் போய் வாங்கி வந்தவர்கள் ஏராளம். எதிர்பார்த்த தொகை வரவில்லை. வரியை எதிர்த்த வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 2018-ல் வரி செல்லும் என்று சொல்லும்வரை வந்ததையும் முழுதாகச் செலவழிக்கத் துணியவில்லை. மக்கள் சோடாவை விட்டால் பள்ளிக்குப் பணம் குறையும் என்றால், நகரசபை எதை வேண்டிக்கொள்ளும்?

ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்து நகரம் இருக்கும் மல்ட்னோமா கவுன்டி 2020-ல் பணக்காரர்களிடம் போனது. தனிநபர் வருமானம் 1,25,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 1.5%, 2,50,000-க்கு மேல் இன்னொரு 1.5%. நியாயம் என்று பார்த்தால் நான்கில் இதுவே முதல். பணமும் கொட்டியது. ஆனால் அந்த வேகத்துக்கு வகுப்பறையும் இல்லை, ஆசிரியர்களும் இல்லை, நிதி தேங்கியது. வசதி உள்ளவர்கள் கவுன்டியை விட்டுப் போகிறார்கள் என்று 2025-ல் ஓரிகன் ஆளுநர் டினா கோடெக்கே கவலைப்பட்டார்.

என் ஓட்டு ஃப்ளோரிடா வழிக்கே, மயாமியின் நிபந்தனையோடு. வீட்டைத் தூக்கிக்கொண்டு யாரும் எல்லை தாண்ட முடியாது. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் என்ன செய்வார் என்பார்கள். தகுதி உள்ளவர்கள் வீட்டு வரியைத் தள்ளிவைத்து, வீட்டை விற்கும்போது வட்டியோடு கட்ட அந்த மாநிலத்தில் ஏற்கனவே வழி இருக்கிறது.