கேம்பிங்கார்டு ஏசிஎஸ்ஐ: ஆஃப் சீசனில் கேரவன் இழுத்துப் போகிறவர்களுக்கு

ஐரோப்பாவில் கூட்டமில்லாத மாதங்களில் கேரவனை (காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி) இழுத்துக்கொண்டு சுற்றும் எண்ணம் இருந்தால் இந்த அட்டையை வாங்கிவிடுங்கள், ரொம்ப யோசிக்க வேண்டாம். கேம்ப்சைட், அதாவது கேரவனை நிறுத்தித் தங்கும் இடத்தின் கட்டணத்தில் 60 சதவீதம் வரை தள்ளுபடி என்று விளம்பரம் செய்கிறார்கள், அது கிடைக்கத்தான் செய்கிறது, ஆனால் எனக்கு இதில் பணத்தை விடப் பெரிய உபயோகம் இதோடு வரும் வழிகாட்டிப் புத்தகத்தில் ஒவ்வொரு கேம்ப்சைட்டின் விவரத்துக்குக் கீழேயும் பொடி எழுத்தில் போட்டிருக்கும் தேதிகள்தான். ஆஃப் சீசனில் பெரிய தலைவலியே எது எந்த வாரம் திறந்திருக்கும், எந்த வாரம் கேட்டைப் பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள் என்பதுதானே. 3000க்கும் மேற்பட்ட கேம்ப்சைட்டுகளுக்கு அந்தப் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏசிஎஸ்ஐ நெதர்லாந்து நிறுவனம், 1965இல் ஆரம்பித்தது. வருடத்துக்கு ஒருமுறை ஆள் அனுப்பி கேம்ப்சைட்டுகளை நேரில் பார்த்துவிட்டு வழிகாட்டிப் புத்தகம் போடுவதுதான் அவர்கள் பிழைப்பு. அந்தக் கேம்ப்சைட்டுகளில் ஒரு பகுதி, சீசன் இல்லாத நாட்களில் இந்த அட்டையைக் காட்டுகிறவர்களுக்கு இரவுக்கு இவ்வளவுதான் என்று ஒரு நிலையான கட்டணத்தை ஒப்புக்கொண்டிருக்கின்றன. கட்டணம் சில படிகளாக இருக்கும், ஒவ்வொரு கேம்ப்சைட்டும் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அந்தத் தொகைக்குள் இரண்டு பெரியவர்கள், கார், கேரவன், ஒரு நாய், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வெந்நீர்க் குளியல், ஓரளவு மின்சாரம் எல்லாம் அடக்கம். சுற்றுலா வரி மட்டும் அடக்கமில்லை, அது தலைக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று ஊருக்கு ஊர் மாறித் தனியாக வரும், ரிசப்ஷனில் பில்லைப் பார்த்து சண்டைக்குப் போகாதீர்கள். இதே நிறுவனத்தில் கிளப் ஐடி என்று இன்னொரு அட்டையும் உண்டு. அது ரிசப்ஷனில் பாஸ்போர்ட்டைக் கொடுத்து வைக்காமல் இருக்க உதவும் அடையாள அட்டை. இரண்டும் வேறு வேறு, ஒன்றை வாங்கிவிட்டு மற்றதன் சலுகையைக் கேட்டால் கிடைக்காது.

சரி, தேதிகளுக்கு வருகிறேன்.

ஒவ்வொரு கேம்ப்சைட்டுக்கும் இரண்டு வகைத் தேதிகள் உண்டு. ஒன்று, வருடத்தில் எப்போது திறந்திருக்கும் என்பது. இன்னொன்று, அட்டை எந்தெந்த நாட்களில் செல்லும் என்பது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த இடத்தைப் பற்றி நிறையவே தெரிந்துவிடும். அட்டை செல்லாத நாட்கள் என்றால் அன்றைக்கு அவர்களுக்கு உங்கள் தயவு தேவையில்லை, இடம் தானாக நிரம்பிவிடும் என்று அர்த்தம். அதனால் நான் வழித்தடம் போடும்போது கட்டணத்தைக் கடைசியில்தான் பார்க்கிறேன். அட்டை செல்லாத இடைவெளிகளைப் பார்த்தாலே எங்கே எப்போது கூட்டம் என்பது புரிந்துவிடுகிறது. ஜூலை, ஆகஸ்ட் யாருக்கும் தெரிந்ததுதான். மே மாதம்தான் ஏமாற்றும். விண்ணேற்பு விழா, பெந்தெகொஸ்தே என்று ஈஸ்டருக்குப் பிறகு வரும் கிறிஸ்தவ விடுமுறைகள் இரண்டுக்கும் நெதர்லாந்து, ஜெர்மனிக் குடும்பங்கள் மொத்தமாகக் கிளம்பிவிடும், பவேரியாவில் பெந்தெகொஸ்தேக்கு இரண்டு வாரப் பள்ளி விடுமுறை வேறு. அவர்களுக்கு ஆல்ப்ஸைத் தாண்டினால் இத்தாலியின் கார்டா ஏரி. நீங்கள் "மே மாதம்தானே, ஆஃப் சீசன்" என்று நிம்மதியாகப் போய் இறங்கினால் ஏரிக்கரை முழுக்க சைக்கிளும் ஊதுபடகுமாக இருக்கும். ஈஸ்டரும் பெந்தெகொஸ்தேயும் வருடா வருடம் தேதி மாறுவதால் போன வருடத்துத் திட்டத்தை அப்படியே எடுத்து இந்த வருடம் ஓட்டவும் முடியாது. அக்டோபரில் ஜெர்மனியின் இலையுதிர்கால விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறு வாரத்தில் வரும், அதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆஃப் சீசன் என்றாலே அமைதி என்றும் நினைத்துவிட வேண்டாம். ஸ்பெயினில் பெனிடோர்ம் பக்கத்துக் கடற்கரையில் ஜனவரி, பிப்ரவரியில் இடம் கிடைப்பது கஷ்டம். வட ஐரோப்பாவிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் குளிர்காலம் முழுக்க அங்கேயே தங்கிவிடுகிறார்கள், கேரவனுக்கு முன்னால் கூடாரம், கூடாரத்துக்கு முன்னால் பூந்தொட்டி, மாலையில் பெத்தாங்க் ஆட்டம் என்று ஒரு முழு ஊரே இயங்குகிறது. போர்ச்சுகலின் அல்கார்வே கரையும் அப்படித்தான். அது பிடித்தவர்களுக்கு நல்லதுதான், பேச்சுத்துணைக்குக் குறைவிருக்காது. எனக்கு வேண்டியது அது இல்லை. அதே ஸ்பெயினில் உள்நாட்டுப் பக்கம், எக்ஸ்த்ரமதூரா மாநிலத்தில் மொன்ஃப்ராகுவே தேசியப் பூங்காவை ஒட்டி இருங்கள், வித்தியாசம் தெரியும். காலையில் பாறை உச்சியிலிருந்து கழுகுகள் வெயில் ஏறும்வரை காத்திருந்து, காற்று சூடானதும் ஒவ்வொன்றாகச் சிறகை அசைக்காமலே மேலே போகும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் கொக்குகள் அந்த மாநிலத்து ஓக் தோப்புகளிலும் வயல்களிலும் ஆயிரக்கணக்கில் மேயும். கேம்ப்சைட்டில் உங்களைத் தவிர நாலு வண்டி இருந்தால் அதிகம். ஆனால் அங்கே இரவில் நன்றாகவே குளிரும், ஸ்பெயின்தானே என்று மெல்லிய போர்வையோடு போகாதீர்கள்.

ஜெர்மனியின் மோசெல் ஆற்றுப் பள்ளத்தாக்கு இன்னொரு மாதிரி. செப்டம்பரிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை திராட்சை அறுவடை, மது விழாக்கள் என்று ஆற்றோரம் நிரம்பியிருக்கும். அதற்கப்புறம் ஒரு பத்துப் பதினைந்து நாள்தான் உண்மையான அமைதி, சரிவுகளில் திராட்சை இலை மஞ்சளாகிக் கிடக்கும், அதற்குள் பெரும்பாலான ஆற்றோரக் கேம்ப்சைட்டுகள் மூடிவிடும், ஏனென்றால் குளிர்காலத்தில் ஆறு கரையேறும். அந்தக் கடைசி நாட்களில் அங்கே ஒரு கேம்ப்சைட்டில் (பெயர் வேண்டாம்) தங்கினோம். புத்தகத்தில் எல்லா வசதியும் போட்டிருந்தது, நேரில் ஒரே ஒரு குளியலறைக் கட்டடம் திறந்திருந்தது, அதுவும் எங்களுக்குக் கொடுத்த இடத்துக்கு நேர் எதிர்க்கோடியில், உள்ளே ஹீட்டரும் போடவில்லை. கடை, உணவகம், துணி துவைக்கும் இயந்திரம் எதுவும் கிடையாது. காசு கொஞ்சமும் குறையவில்லை. இது அட்டையின் குற்றம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வசதிப் பட்டியல் முழு சீசனுக்கு எழுதப்பட்டது என்பதை மனதில் வையுங்கள். முன்பதிவு செய்யும்போதே "எந்தக் குளியலறை திறந்திருக்கும், அதில் வெப்பம் உண்டா, அதற்குப் பக்கத்தில் இடம் கிடைக்குமா" என்று மூன்று கேள்வி எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. கூடவே கல் பரப்பிய இடம் வேண்டும் என்றும் கேளுங்கள். மழையில் ஊறிய புல்தரையில் கேரவன் சக்கரம் ஒரு ராத்திரியில் அழுந்திவிட்டால் காலையில் வெளியே இழுக்க டிராக்டர்தான் வர வேண்டும்.

மின்சாரம். கூட்டமில்லாத மாதங்களுக்கு என்றே விற்கும் ஒரு அட்டைக்கு இதுதான் பலவீனமான இடம். கட்டணத்தில் அடங்கியது அதிகபட்சம் 6 ஆம்பியர் இணைப்பும், மீட்டர் இருந்தால் ஒரு நாளைக்கு 4 யூனிட்டும். ஜூன் மாதத்துக்கு இது தாராளம். அக்டோபர் கடைசியில் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: கேரவனின் மின்சார ஹீட்டரை மிகக் குறைந்த 500 வாட்டில் வைத்தாலே எட்டு மணி நேரத்தில் 4 யூனிட் காலி. இரவு பத்துக்குப் போட்டால் காலை ஆறுக்கு முடிந்தது, ஃப்ரிட்ஜ், விளக்கு, டீத் தண்ணீர் எல்லாம் அதற்கு மேல்தான். மேலே போனதற்கு யூனிட் கணக்கில் தனியாகக் கேட்பார்கள், கேட்பது நியாயம்தான். 6 ஆம்பியர் என்பது 230 வோல்ட்டில் 1380 வாட். வீட்டில் உபயோகிக்கும் 2000 வாட் கெட்டிலை மட்டும் போட்டாலே ப்ரேக்கர் விழ வாய்ப்பு உண்டு, ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் கேட்கவே வேண்டாம். அந்த ப்ரேக்கர் பெட்டியைச் சில இடங்களில் பூட்டி வைத்திருப்பார்கள், சாவி ரிசப்ஷனில், ரிசப்ஷன் மாலை ஐந்துக்கு மூடிவிட்டது என்றால் இரவு முழுக்க இருட்டில்தான். குறைந்த வாட் கெட்டில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், மெதுவாகத்தான் கொதிக்கும், ஆனால் கொதிக்கும். காயிலில் சுற்றியிருக்கும் கேபிளை முழுதாக அவிழ்த்துப் போடுங்கள், சுருளாகவே வைத்து ஹீட்டர் ஓட்டினால் கேபிள் சூடேறிவிடும்.

அதனால் வெப்பத்துக்கு கேஸை நம்புவதுதான் புத்திசாலித்தனம், அதிலும் ப்ரொப்பேன். பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் வாயுவாக மாறுவதையே நிறுத்திவிடும், சிலிண்டர் பாதி நிறைந்திருக்கும், அடுப்பு எரியாது. ப்ரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். நாட்டுக்கு நாடு சிலிண்டரின் வாய் வேறு, ஒரு நாட்டுக் காலி சிலிண்டரை அடுத்த நாட்டில் பெரும்பாலும் மாற்றித் தர மாட்டார்கள், ஆகவே கிளம்பும்போதே இரண்டு நிறைந்த சிலிண்டர். கேரவனில் தண்ணீர் சூடாக்க ட்ரூமா கம்பெனி பாய்லர் இருந்தால் அதில் ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு, 3 டிகிரிக்குப் பக்கத்தில் வந்தால் தானாகத் திறந்து தண்ணீரைக் கீழே கொட்டிவிடும். வண்டிக்கு அடியில் தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்துப் பதற வேண்டாம், அது தன் வேலையைச் செய்கிறது.

புத்தகம் நல்ல கனம், இரண்டு பாகம், அதோடு ஆப். ஆப்பில் உள்ள விவரங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்கிறது, மலைப் பகுதிகளில் அது பெரிய உதவி. உங்கள் தேதியைப் போட்டு அன்றைக்கு அட்டை செல்லும் இடங்களை மட்டும் வடிகட்டலாம், இதற்காகவே ஆப்பை முதலில் திறக்கிறேன். ஆனால் நிதானமாக உட்கார்ந்து ஒரு பகுதியைப் பற்றி யோசிக்கும்போது புத்தகத்தின் வரைபடமே சுகம். கைபேசித் திரையில் பக்கத்துப் பள்ளத்தாக்கு கண்ணில் படாது.

தூரத்தையும் அடக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் கேரவன் இழுத்தால் ஆட்டோபானிலும் 80தான், 100க்குத் தனியாக அனுமதி வாங்கி ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தைக் கடந்தால் காருக்கு ஒன்று, கேரவனுக்கு ஒன்று என்று இரண்டு வின்யெட் (நெடுஞ்சாலைக் கட்டணச் சீட்டு). அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிய பிறகு மாலையில் சீக்கிரமே இருட்டிவிடும், தெரியாத கேம்ப்சைட்டில் இருட்டில் கேரவனை ரிவர்ஸ் எடுப்பது உறவுகளுக்கு நல்லதில்லை. பிரான்சில் பல ரிசப்ஷன்கள் மதியம் இரண்டு மணி நேரம் மூடியிருக்கும். மூன்று மணிக்குப் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புவது எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது.

யாருக்கு இது வேண்டாம்? பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்து, ஜூலை, ஆகஸ்டில் மட்டுமே கிளம்ப முடிகிறவர்களுக்குப் பிரயோஜனமில்லை. ஒரே இடத்தில் மாதக்கணக்கில் தங்குகிறவர்களும் நேராகக் கேம்ப்சைட்டிடம் மாதக் கட்டணம் கேட்டால் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும். மோட்டார்ஹோம்காரர்களுக்கு பிரான்சின் எயர், ஜெர்மனியின் ஷ்டெல்பிளாட்ஸ் என்று மோட்டார்ஹோமை இரவு நிறுத்தும் இடங்கள் மலிவான மாற்றாக உண்டு, ஆனால் அந்த இடங்களில் பெரும்பாலும் இழுவைக் கேரவனுக்கு அனுமதியில்லை, அதனால் நமக்கு இந்த மாதிரி அட்டைதான் கதி. ஐரோப்பியக் குடியுரிமை இல்லாதவர்கள் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற ஷெங்கன் விசாக் கணக்கையும் வழித்தடத்தோடு சேர்த்தே போடுங்கள், மெதுவாகச் சுற்றுகிறவர்களுக்கு அது சீக்கிரம் வந்து முட்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய ஒரே விஷயம், புத்தகத்தோடு வரும் அட்டை ஜனவரி முதல் டிசம்பர் வரைதான், வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடம் இல்லை. செப்டம்பரில் முதல் முறை வாங்கினாலும் சில இரவுகளிலேயே போட்ட காசு திரும்பிவிடும், கவலையில்லை. ஆனால் டிசம்பரில் கிளம்பி ஜனவரியில் திரும்புகிற பயணம் என்றால் இரண்டு வருடத்து அட்டையும் கையில் இருக்க வேண்டும். முன்பதிவுக் கடிதத்திலேயே அட்டை இருக்கிறது என்று எழுதிவிடுங்கள், பில் போட்ட பிறகு நீட்டினால் சில இடங்களில் ஏற்க மாட்டார்கள்.