சல்ஃபர் பை வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க (ட்வின் ஃபால்ஸ் பக்கம் இருக்கறவங்களுக்கு)

ரேட்டிங் மொதல்லயே சொல்லிடறேன். மண்ணைப் புளிப்பாக்கும்னு விக்கிற சல்ஃபர் பைக்கு ஒண்ணரை ஸ்டார், தபால்ல அனுப்பி பண்ணின மண் டெஸ்ட்டுக்கு அஞ்சு, கடைசியா வாங்கின இரும்பு பவுடருக்கு நாலு. கடை பேரு, பிராண்டு பேரு எதுவும் போடல. தப்பு அவங்க மேல பாதி, என் மேல பாதி.

நாங்க ஐடஹோவுல ட்வின் ஃபால்ஸ்ல புது லேஅவுட்ல வீடு வாங்கி மூணு வருஷம் ஆச்சு. பின்னாடி நல்ல எடம், வெய்யில் சூப்பரா அடிக்கும், வெண்டை கத்திரி மிளகாய் எல்லாம் போட்டுத் தள்ளிடலாம்னு கனவு. மொத வருஷம் மண்வெட்டியப் போட்டா மண்ணு மைதா மாவு மாதிரி பொலபொலன்னு பறக்குது, கலரும் கிட்டத்தட்ட அதே வெளுப்புதான். கையில எடுத்து தண்ணி விட்டுப் பெசைஞ்சா வழவழன்னு பட்டு மாதிரி இருக்கும், ஆனா நம்மூர் கரிசல் மாதிரி ஒட்டாது, நீளமாத் திரிச்சா உடைஞ்சி விழுந்துடும். ஒரு கல்லு கூட இல்லியே, அடடா என்ன மண்ணுன்னு வீட்டம்மாகிட்ட பீத்திக்கிட்டேன். மறுவாரம் கொத்தமல்லி வெதைச்சி ஹோஸ்ல தண்ணி அடிச்சி விட்டேன், ரெண்டு நாள் வெய்யில்ல மேல அப்பளம் மாதிரி ஒரு ஓடு கட்டிக்கிச்சி, அதுக்கு அடியில முளை எல்லாம் வெள்ளையா வளைஞ்சி மடங்கி மாட்டிக்கிட்டுக் கெடந்துச்சி. பத்துல ரெண்டு வெளிய வந்திருந்தா பெருசு. விரலால ஓட்டைத் தூக்கித் தூக்கிப் பாத்தேன், பாவமா இருந்துச்சி.

அதெல்லாம் பரவால்ல. பெரிய அடி கருவேப்பில. குளிருக்கு உள்ள தூக்கி வைக்கணும்னு தொட்டியிலதான் இருக்கு, ஆனா தொட்டி மண்ணு வெல ஜாஸ்தின்னு பாதிக்குப் பாதி பின்னாடி மண்ண அள்ளிக் கலந்துட்டேன் (கஞ்சத்தனம்தான், ஒத்துக்கறேன்). ரெண்டே மாசம், துளிர் எல்லாம் எலுமிச்சம்பழக் கலரு, நரம்பு மட்டும் பச்சை. மிளகாய்ச் செடியும் அதே கதை. கடையில போயி போட்டோவ காட்டினேன், அங்க இருந்தவரு பிஎச் ஜாஸ்தி, அதாவது மண்ணுல புளிப்பு பத்தல, இத போடுங்கன்னு 5 பவுண்டு சல்ஃபர் பைய எடுத்துக் குடுத்தாரு. 15 டாலர். பை மேல நீலப் பூ படம், ப்ளூபெர்ரி படம், 100 சதுர அடிக்கு ரெண்டு பவுண்டு போட்டா போதும்னு எழுதியிருந்துச்சி. போட்டேன். ஒரு மாசம் பாத்தேன், மறுபடி போட்டேன். மஞ்சள் மஞ்சளாவேதான் இருந்துச்சி.

ஊருக்கு வீடியோ கால் போட்டப்ப அப்பாகிட்ட பின்னாடி தோண்டின குழியக் காட்டினேன். ஒண்ணரை அடிக்குக் கீழ வெள்ளை வெள்ளையாக் கட்டி, மண்வெட்டி பட்டா டங்குன்னு சத்தம். அவரு கண்ணாடியக் கூட போடல. "ஏன்டா, அது சுக்கான் மண்ணுடா, சுண்ணாம்பு. மண்ணப் பாக்காம மருந்து வாங்குனியா? கொஞ்சம் காடி ஊத்திப் பாரு." காடிக்கு நான் எங்க போக, வினிகர் இருந்துச்சி. ஒரு ஸ்பூன் மண்ணு மேல ஊத்தினா சோடா மாதிரி புஸ்ஸுன்னு நுரைச்சி கிளாஸ் ஓரம் வரைக்கும் ஏறிடுச்சி, சுண்ணாம்பு இருந்தாத்தான் அப்படி நுரைக்கும். செலவு பத்து காசு கூட இருக்காது. அந்த டெஸ்ட்ட 15 டாலர் செலவு பண்றதுக்கு முன்னாடி பண்ணியிருக்கலாம்.

அப்புறம்தான் முறையா லேபுக்கு அனுப்பினேன், 40 டாலர் சொச்சம். நாலஞ்சு எடத்துல அரை அடி ஆழம் வரைக்கும் எடுத்து, கலந்து, நிழல்ல காய வச்சி அனுப்பணும். பத்து நாள்ல ரிப்போர்ட்: பிஎச் 8.1, சுண்ணாம்பு 18 சதவீதம். இங்கதான் கணக்கப் பாருங்க. 10க்கு 10 அடிப் பாத்தி, அரை அடி ஆழம்னா மண்ணு சுமார் 2,000 கிலோ. அதுல 18 சதவீதம்னா 360 கிலோ சுண்ணாம்பு. 100 கிலோ சுண்ணாம்பத் தீக்க 32 கிலோ சல்ஃபர் வேணும், அப்ப 115 கிலோ. நான் வாங்கின பை ரெண்டேகால் கிலோ. அம்பது பை வாங்கணும்! சுண்ணாம்பு தீருற வரைக்கும் பிஎச் சொல்லிக்கிற மாதிரி எறங்கவே எறங்காது, புளிப்பு உண்டாக உண்டாக சுண்ணாம்பு அத முழுங்கிக்கிட்டே இருக்கும். அதுவும் சல்ஃபர் தானா புளிப்பா மாறாது, மண்ணுல இருக்குற பாக்டீரியா அதத் தின்னு மாத்தணும், சூடும் ஈரமும் வேணும், மாசக்கணக்குல ஆகும். ஒரு சதவீதம் சுண்ணாம்புக்கே ஆறரை கிலோ வேணும்ங்கறப்ப ரெண்டு பவுண்டுன்னு லேபிள்ல போட்டிருக்கறது சுண்ணாம்பு இல்லாத ஊரு மண்ணுக்கு. அத ஒரு வரி பெருசா போட்டா என்ன கொறஞ்சி போகும்? ஒண்ணரை ஸ்டாருக்கு அதான் காரணம்.

சரி, இவ்வளவு சுண்ணாம்பு எங்கருந்து வந்துச்சின்னு தேடிப் பாத்தேன். வெப் சாயில் சர்வேன்னு அரசாங்க மேப்பு இருக்கு, ஓசி, அட்ரஸ் போட்டா மண்ணோட பேரே வரும். எங்களுது போர்ட்னஃப் சில்ட் லோம். ஸ்நேக் நதிச் சமவெளி முழுக்க எரிமலைக் குழம்பு ஓடி இறுகின கறுப்புப் பாறை, பெரைன் பாலத்துல நின்னு 486 அடி கீழ எட்டிப் பாத்தா பள்ளத்தாக்குச் சுவர்ல அடுக்கடுக்காத் தெரியும். அந்தப் பாறை பொடிஞ்சி வந்த மண்ணு இல்ல இது, காத்து தூக்கிட்டு வந்து மேல படிய வச்ச வண்டல். மழை வருஷத்துக்கு 10 இஞ்ச் வந்தா பெருசு, கோயம்புத்தூர்ல பெய்யறதுல பாதி கூட இல்ல. அவ்ளோ கம்மித் தண்ணி அந்த வண்டல்ல இருக்குற சுண்ணாம்பக் கரைச்சி ஒன்னு ஒன்னரை அடிக்குக் கொண்டுபோகும், அதுக்கு மேல தள்ளத் தெம்பு இருக்காது, அங்கயே விட்டுட்டுக் காஞ்சிடும். ஆயிரக்கணக்கான வருஷம் இதே கதை. சிலிக்காவும் சேந்து இறுகினதுதான் என் மண்வெட்டிய டங்குன்னு சொல்ல வச்ச கட்டி. மேல் மண்ணுல சுண்ணாம்பு கம்மியாத்தான் இருக்கும், ஆனா வீடு கட்டினவங்க மெஷின விட்டு மேல் மண்ண வழிச்சி எடுத்துட்டு அடி வெள்ளைய எங்களுக்கு விட்டுட்டாங்க. மேல ரெண்டு இஞ்ச் "நல்ல மண்ணு" கொட்டித் தரேன்னு தனியா காசு வாங்கின லேண்ட்ஸ்கேப் ஆளு கொட்டினதும் அதே வெள்ளைதான்! அது வேற ரிவ்யூ, இங்க வேண்டாம்.

விவசாயிங்களுக்கும் இது பழைய தலைவலி. 1905ல மில்னர் அணை வந்து கால்வாய்த் தண்ணி பாஞ்சதுல இருந்துதான் இங்க உருளைக்கிழங்கு, சர்க்கரை எடுக்குற பீட் கிழங்கு, பீன்ஸ் எல்லாம். வாய்க்கால் விட்டுப் பாச்சுறப்ப தண்ணி நுழையற மேல்தலையில மண்ணு கரைஞ்சி ஓடி வெள்ளை தெரிய ஆரம்பிச்சிடும், அந்த எடத்துல மகசூல் அடி வாங்கும். பக்கத்துல கிம்பர்லியில இருக்குற மத்திய அரசு ஆராய்ச்சி நிலையத்துல 1990கள்ல தண்ணியில துளியூண்டு பாலிமர்ங்கற ரசாயனம், பத்து லட்சத்துல 10 பங்கு, கலந்து விட்டே மண் அரிப்ப 94 சதவீதம் கொறைச்சிக் காட்டினாங்க. வெள்ளை தெரிஞ்ச எடத்த மீட்கறதுக்கு அவங்க பாத்ததுல நல்லா வேல செஞ்சது மாட்டுச் சாணி எரு.

இரும்பு பவுடருக்கு வரேன். மண்ணுல இரும்பு இல்லாம இல்ல, சுண்ணாம்புல செடிக்குக் கிடைக்காமப் பூட்டிக்கிடக்கு, அவ்வளவுதான். மொதல்ல சீப்பா ஒரு பாட்டில் வாங்கினேன், இரும்பப் பிடிச்சி வச்சிக் குடுக்குற ஈடிடிஏ (EDTA) வகை, ஒண்ணும் நடக்கல. பிஎச் 8ல அது இரும்ப விட்டுடும்னு அப்புறம்தான் தெரிஞ்சிச்சி. வேல செய்றது ஈடிடிஎச்ஏ (EDDHA) வகை, ஒரு பவுண்டு 25 டாலர் ஆச்சு. லேபிள்ல அந்த எழுத்து இருக்கான்னு கண்ணு வச்சிப் பாருங்க, வெறுமன இரும்புச் சத்துன்னு போட்டிருந்தா அங்கயே வச்சிட்டு வந்துடுங்க. ஒரு டீஸ்பூன் தண்ணியில போட்டா பீட்ரூட் சாறு மாதிரி செக்கச்செவேல்னு ஆகும், வேர்ல ஊத்தணும். பத்து நாள்ல கருவேப்பிலயில வந்த புதுத் துளிர் பச்சை! பழைய இலை அவ்வளவா திரும்பல. ஒரு ஸ்டார் கொறைச்சது எதுக்குன்னா வாசல் சிமெண்ட்ல சிந்தினது இன்னும் போகல, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ ஊத்திக்கிட்டே இருக்கணும், செலவு நிக்காது.

மண்ண ரொம்பத் திட்டிட்டேன் போல. தண்ணிய நல்லாப் பிடிச்சி வைக்கும், கல்லு இல்லாததால முள்ளங்கி நேரா எறங்குது, போன வருஷம் பக்கத்துப் பண்ணையில ஒரு பிக்கப் சாணி எரு அடிச்சதுல கொத்தமல்லி ஓட்ட ஒடைச்சிக்கிட்டு வந்துடுச்சி. பீன்ஸுக்கு மட்டும் துத்தநாகம் கொஞ்சம் போட்டேன், லேப் ரிப்போர்ட்ல கம்மின்னு போட்டிருந்தாங்க.

சல்ஃபர் மிச்சம் கொஞ்சம் கராஜ்ல இருக்கு. தொட்டியில ப்ளூபெர்ரி வச்சிருக்கவங்க யாராச்சும் இந்தப் பக்கம் இருந்தா வந்து எடுத்துட்டுப் போங்க, காசு வேண்டாம்.