பழைய ஹெச்61 போர்டில் ஏ.ஹெச்.சி.ஐ.யும் ரேம் மாற்றமும்: சில வருடம் ஓட்டிய பிறகு

வீட்டு டெஸ்க்டாப்பில் இருப்பது இன்டெல் ஹெச்61 மதர்போர்டு, மூன்றாம் தலைமுறை ஐ5 ப்ராசஸர். வாங்கிய புதிதில் அதில் ஓடியது விண்டோஸ் எக்ஸ்பி. எக்ஸ்பி சி.டி.யில் ஏ.ஹெச்.சி.ஐ. (டிஸ்க்கோடு கம்ப்யூட்டர் பேசும் புதிய முறை) டிரைவர் கிடையாது என்பதால், அசெம்பிள் செய்பவர்கள் பயாஸில் (விண்டோஸ் வரும் முன்பே ஓடும் மதர்போர்டு செட்டிங்ஸ்) ஐ.டி.இ. என்ற பழைய மோடு வைத்துக் கொடுப்பது அப்போது சகஜம். பிறகு விண்டோஸ் 10 வந்தது, ஹார்ட் டிஸ்க் போய் எஸ்.எஸ்.டி. வந்தது. ஐ.டி.இ. மட்டும் யார் கண்ணிலும் படாமல் அப்படியே கிடந்தது.

நேராக பயாஸில் போய் ஏ.ஹெச்.சி.ஐ.க்கு மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். அதற்கு முன் விண்டோஸிலேயே இருக்கும் எம்.எஸ்.கான்ஃபிக் கருவியைத் திறந்து, பூட் பகுதியில் 'சேஃப் பூட்' டிக் செய்ய வேண்டும். ரீஸ்டார்ட் செய்து, அதே மூச்சில் பயாஸுக்குள் நுழைந்து ஏ.ஹெச்.சி.ஐ. ஆக்கிச் சேமிக்க வேண்டும். சேஃப் மோடில் விண்டோஸ் தனக்கான டிரைவரைத் தானே ஏற்றிக்கொள்ளும். அப்புறம் டிக்கை எடுத்துவிட்டு இன்னொரு ரீஸ்டார்ட். ரீ-இன்ஸ்டால் தேவைப்படவில்லை.

பலன்? பெரிய ஃபைல் காப்பி செய்யும் வேகம் கொஞ்சமும் கூடவில்லை. ஹெச்61இல் டிஸ்க்கைச் செருகும் சாட்டா போர்ட் 3 ஜிகாபிட்டோடு சரி, எந்த எஸ்.எஸ்.டி. போட்டாலும் நொடிக்கு 300 எம்.பி.யைத் தாண்டாது. வித்தியாசம் தெரிந்தது வேறு இடத்தில். ஐ.டி.இ.யில் டிஸ்க் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் வாங்கும்; ஏ.ஹெச்.சி.ஐ.யில் 32 வரை வரிசையில் வாங்கி வைத்துக்கொள்ளும். பின்னணியில் அப்டேட் இறங்கும்போது பிரவுசர் திறந்தால் முன்பு மவுஸே திக்கும். அந்தத் தொல்லை அன்றோடு ஒழிந்தது.

ரேம் கதை வேறு. இருந்தது 1333 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஒரு 4 ஜி.பி. பக்கத்து ஸ்லாட்டில் 1600 வேகத்தில் இன்னொரு 4 ஜி.பி. போட்டேன். இரண்டும் 1333க்கே இறங்கி ஓடின. பழையதையும் 1600க்கு இழுத்துப் பார்த்தேன். விண்டோஸ் ஒழுங்காகத்தான் வந்தது, ஆனால் இரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட விட்டதில் காலையில் திரை முழுக்கப் பிழை காட்டும் சிவப்பு வரிகள். திரும்ப 1333க்கே வந்துவிட்டேன், அதில் வருத்தமும் இல்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினுக்கு மெகாஹெர்ட்ஸை விட டூயல் சேனல் (இரண்டு ரேமும் இணையாக வேலை செய்வது) தான் முக்கியம். நொடிக்கு 10.6 ஜி.பி.யாக இருந்த உச்சபட்ச பேண்ட்வித் (டேட்டா நகரும் அளவு) இரண்டாவது ரேம் வந்ததும் 21.3 ஆகிறது. 1600க்கு ஏற்றினால் அதற்கு மேல் கிடைப்பது இருபது சதவீதம்தான்.

ஆன்போர்டு கிராஃபிக்ஸுக்குத் தனியே ஒதுக்கும் மெமரியை 512இலிருந்து 64 எம்.பி.யாகக் குறைத்தேன். வீடியோ ஓட்டத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வேண்டியதை டிரைவரே எடுத்துக்கொள்கிறது. எஸ்.எஸ்.டி. தேயும் என்று பேஜ் ஃபைலை (ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் இடம்) அணைக்கச் சொல்பவர்கள் உண்டு. 8 ஜி.பி. வைத்துக்கொண்டு அதைச் செய்யாதீர்கள், டேப் கூடினால் பிரவுசர் சொல்லாமல் மூடிக்கொள்ளும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது; விண்டோஸ் 11 இந்த ப்ராசஸரை ஏற்காது. இப்போது லினக்ஸ் மின்ட் ஓடுகிறது. பயாஸில் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.