அஸ்வெசும மாதக் காசு: மலையக மரக்கறிக் குடும்பங்களின் நீண்ட காலப் பாவனை

அஸ்வெசும, அதாவது வறிய குடும்பங்களுக்கு இலங்கை அரசு கொடுக்கும் மாதக் காசு, என்றதும் எல்லாரும் கேட்பது "எவ்வளவு கிடைக்குது?" என்றுதான். "அடுத்த மாசமும் வருமா?" என்று கேட்பவர்கள் குறைவு. வெலிமடை, ஊவா பரணகம, கந்தப்பளை, ராகலைப் பக்கம் இருபது பேர்ச், நாற்பது பேர்ச் (160 பேர்ச் ஒரு ஏக்கர்) காணியில் கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி போடும் குடும்பங்களில் இந்தக் காசு என்ன மாற்றியது என்று பார்த்தால், இரண்டாவது கேள்விதான் பெரியது. தொகை சின்னது. அது மாதாமாதம் வருவதால்தான் தோட்டத்தில் வேலை செய்யும் முறையே மாறுகிறது.

முதலில் விபரம். 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ், 2023 ஜூலையில் கொடுப்பனவு தொடங்கியது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு பிரிவில் 22 குறிகாட்டிகளுக்குப் புள்ளி போட்டுத்தான் யார் எந்த வகை என்று பிரிக்கிறார்கள். ஆரம்பத்தில் வறிய குடும்பத்துக்கு மாதம் 8,500 ரூபா, மிக வறிய குடும்பத்துக்கு 15,000. 2025 ஜனவரியிலிருந்து அது 10,000, 17,500 ஆனது. இவர்களைவிடச் சற்று வசதியான குடும்பங்களுக்கு 5,000, 2,500 என்று இன்னும் இரண்டு வகை இருந்தன. அவற்றுக்குத் தொடக்கத்திலேயே முடிவுத் திகதி குறித்திருந்தார்கள். திகதி நெருங்கும்போதெல்லாம் நீட்டினார்கள். குடும்பக் காசுக்குப் புறம்பாக, 70 வயது கடந்த முதியவருக்கு 2025இல் 5,000 ஆனது. மாற்றுத்திறனாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் 10,000. அந்த வருடம் பாடசாலைப் பிள்ளைகளின் கொப்பி, புத்தகச் செலவுக்கென்று தலைக்கு 6,000 கொடுத்ததும் பெரும்பாலும் இந்தப் பட்டியலை வைத்துத்தான். ஆகவே பட்டியலில் பெயர் இருப்பதே தனியொரு சொத்து.

10,000 ரூபாவுக்கு மலையகத்தில் என்ன மதிப்பு? 2024 செப்டெம்பரில் தேயிலைத் தோட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ஆனது. அந்தக் கணக்கில் 10,000 என்பது ஏறக்குறைய ஏழரை நாள் வேலை. 17,500 என்றால் கிட்டத்தட்ட பதின்மூன்று நாள். அரிசியில் பார்த்தால், ஐந்து பேர் வீட்டுக்கு நாளைக்கு ஒன்றேகால் கிலோ என்று வைத்தால் மாதம் முப்பத்தேழரை கிலோ. 2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு அரசு நிர்ணயித்த உச்ச விலை 230 ரூபா. அதன்படி 8,625 ரூபா. ஒரு வீட்டின் மாத அரிசியும் ஒரு பக்கட் தேயிலைத் தூளும், அவ்வளவுதான். இதை வைத்து யாரும் முன்னேறிவிட முடியாது. ஆனால் அரிசிக்குக் கடைக் கொப்பியில் கடன் எழுதாமல் இருக்க முடியும். மற்ற எல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

மரக்கறிக்காரன் வீட்டில் காசு வருவது மூன்று மாதத்துக்கு ஒரு தரம். கரட் விதைத்து மூன்று, மூன்றரை மாதம். லீக்ஸ் நாற்றுமேடையில் ஒன்றரை மாதமும் நட்ட பிறகு மூன்று மாதமும். இடையில் வீடு ஓடுவது மனைவியின் கொழுந்துச் சம்பளத்தில். அது பத்தாந்திகதி வந்து, பழைய கடனுக்கும் பிடித்தத்துக்கும் போய், இருபதாந்திகதிக்குள் முடிந்துவிடும். மீதி நாளுக்குக் கடைக்காரரும், உரத்துக்கு முற்பணம் கொடுக்கும் மரக்கறி முதலாளியும்தான் வழி. முதலாளி வட்டி கேட்கமாட்டார். விளைந்ததை அவருக்கே போடவேண்டும்; விலையும் அவர் சொல்வது, சாக்குக்குக் கழிக்கும் கிலோவும் அவர் சொல்வது. அதுதான் வட்டி. கெப்பெட்டிபொல பொருளாதார நிலைய மொத்தச் சந்தையில் அன்றைக்கு என்ன விலை என்று போனில் தெரிந்தும், அங்கே கொண்டுபோக முடியாத நிலை.

மாதக் காசு முதலில் தளர்த்துவது இந்தக் கட்டைத்தான். அதுவும் ஒரே நாளில் நடக்காது. முதல் இரண்டு மூன்று மாதக் காசு பழைய கொப்பிக் கடனில் கரைந்துபோகும். இதைப் பார்த்துவிட்டு "ஒன்றும் மிஞ்சவில்லை" என்று சொல்பவர்கள் அவசரப்படுகிறார்கள். கொப்பி ஒருமுறை மூடினால், அடுத்த போகத்தில்தான் வித்தியாசம் தெரியும்.

அந்த வித்தியாசம் தெரியும் இடங்கள் நான்கு. ஒன்று, மேலுரம். இருபது பேர்ச் கரட்டுக்குக் கால் கிலோ விதை போகும். அடியுரம் போட்டு விதைப்பது எல்லாரும் செய்வதுதான். கைமாற்று வாங்கியாவது செய்துவிடுவார்கள். மூன்றாம் கிழமை பயிர் கலைத்துக் களை எடுத்து ஒரு மேலுரம், ஆறாம் கிழமை இன்னொன்று. அந்த ஆறாம் கிழமையில்தான் கையில் காசு இருக்காது. ஒன்றில் போடாமல் விடுவார்கள், அல்லது பத்துப் பதினைந்து நாள் பிந்திப் போடுவார்கள். கிழங்கு பென்சில் மாதிரி நின்றுவிடும். தரம் பிரிக்கும்போது பாதி இரண்டாந்தரம். மாதக் காசு வரும் வீட்டில் இந்த இரண்டாவது மேலுரத்தைத் தவறவிடாமல் போட முடியும். சில்லறையாகக் கிலோக் கணக்கில் யூரியா வாங்கினால் கடைக்காரருக்குத்தான் லாபம். இரண்டு மூன்று வீடு சேர்ந்து 50 கிலோ மூட்டை ஒன்றை எடுத்துப் பிரித்துக்கொண்டால் கணிசமாக மிஞ்சும். ஈரம் இழுக்காமல் பொலித்தீன் பையில் கட்டி, நிலத்தில் வைக்காமல் பலகைமேல் வைக்கவேண்டும். மலையின் ஈரக் காற்றுப் பட்டால் யூரியா சீக்கிரம் தண்ணீர் விட்டுவிடும்.

இரண்டு, டொலமைட். கோவாவுக்கு வேர் புடைத்துச் செடி வாடும் நோய் புளிப்பு மண்ணில்தான் கூடுதலாக வரும். நடுவதற்கு இரண்டு கிழமை முன்னமே டொலமைட் போட்டுக் கொத்திவிட வேண்டும். பயிரே இல்லாத நிலத்துக்குச் செலவு செய்வது கடன்காரருக்கு வராத காரியம். கையில் காசு இருந்தால்தான் அதைச் செய்ய மனம் வரும்.

மூன்று, பொறுக்கும் பலம். இதுதான் உண்மையான லாபம் என்பது எங்கள் அபிப்பிராயம். விலை விழுந்த கிழமையில் பிடுங்காமல் பத்து நாள் விடுவதற்கு வீட்டில் அரிசி இருக்கவேண்டும். எல்லாப் பயிரும் பொறுக்காது. லீக்ஸ் நன்றாகப் பொறுக்கும்; மூன்று கிழமைகூட நிலத்தில் நிற்கும், தண்டும் தடிக்கும். கரட் வெயில் நாளில் இரண்டு கிழமை தாங்கும், மழை பிடித்தால் வெடிக்கும். கோவா முற்றினால் தலை பிளந்துவிடும், அதை வைத்திருக்கக் கூடாது. போஞ்சி ஒரு நாள்கூடப் பொறுக்காது, பிந்தினால் நார். ஆனால் போஞ்சிக்கு வேறொரு குணம் உண்டு: ஐம்பத்தைந்து, அறுபது நாளில் பறிக்கத் தொடங்கினால் சில கிழமைகளுக்கு விட்டு விட்டுக் காசு வரும். அதனால், மாதக் காசு இல்லாத வீடு இருபது பேர்ச் முழுக்கப் போஞ்சி போட்டால் அது புத்தி. மாதக் காசு உள்ள வீடு பாதியைப் போஞ்சிக்கும் பாதியை லீக்ஸுக்கும் பிரித்து, லீக்ஸை விலை பார்த்து எடுக்கலாம்.

நான்காவது வயலில் இல்லை, காதில் இருக்கிறது. காதுத் தோட்டை அடகு வைத்துத்தான் உருளைக்கிழங்கு விதை வாங்குவது வழக்கம். வட்டியை மாதாமாதம் கட்ட முடிந்தால் நகை ஏலத்துக்குப் போகாது.

இவ்வளவும் சொன்னாலும், 10,000 ரூபாவில் விதைக் கிழங்கு வாங்க முடியாது. நீர்ப் பம்பி வாங்க முடியாது. மொத்தமாகக் கொடுத்தால் நல்லதா, மாதமாகக் கொடுத்தால் நல்லதா என்ற கேள்வி உலகம் முழுக்க இருக்கிறது. கென்யாவில் கிவ்டைரக்ட்லி அமைப்பு கிராமம் கிராமமாகக் காசு கொடுத்துப் பார்த்தது: சில கிராமங்களுக்கு 12 வருடம் என்று வாக்குக் கொடுத்து மாதாமாதம், சிலவற்றுக்கு இரண்டு வருடம் மட்டும் மாதாமாதம், சிலவற்றுக்கு அந்த இரண்டு வருடக் காசு மொத்தமாக. அபிஜித் பானர்ஜி, தவ்னீத் சூரி முதலானவர்கள் 2023இல் வெளியிட்ட முடிவின்படி, சிறு தொழில் கூடியது மொத்தமாக வாங்கியவர்களிடமும் 12 வருட வாக்குப் பெற்றவர்களிடமும். இரண்டு வருட மாதக் காசுக்காரர் பின்தங்கினார்கள். காசு கொடுத்தால் சோம்பேறியாவார்கள் என்ற பேச்சுக்கும் அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. 12 வருடக்காரர் செய்த காரியம் நமக்கு நன்கு தெரிந்தது: சீட்டுப் பிடித்தார்கள்.

மலையகத்தில் சீட்டு இல்லாத லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) கிடையாது. அஸ்வெசும வீடுகள் சேர்ந்து கட்டும் சீட்டில் கவனிக்கவேண்டியது சிலது. பத்துப் பேர், ஆளுக்கு 3,000, கைக்கு 30,000 என்ற அளவு தாங்கும். 5,000 என்று போனால் மூன்றாம் மாதம் ஒருவர் நிற்பார். குலுக்கல் வேண்டாம், நடவு வரிசையில் கொடுப்பது நல்லது: பெரும்போகத்துக்கு நடுபவருக்கு அந்த மாதம், சிறுபோகத்துக்கு நடுபவருக்குப் பிறகு. ஏலச் சீட்டு வேண்டவே வேண்டாம். அவசரக்காரர் தள்ளி எடுக்கும் தொகை முதலாளியின் வட்டியைவிட மோசமாகும். காசு வங்கிக்கு வருவது சில மாதம் பிந்தும், ஆகவே சீட்டுத் திகதியை "காசு விழுந்து மூன்றாம் நாள்" என்று வைப்பதுதான் சண்டையில்லாத வழி.

கென்யக் கணக்கில் அஸ்வெசும எங்கே நிற்கிறது? நடுவில். வருடக் கணக்கில் வருகிறது, ஆனால் எதுவரை என்ற உறுதி இல்லை. திகதி, நீட்டிப்பு, மீளாய்வு, தகவல் புதுப்பிப்பு என்று மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் மாடு வாங்கவேண்டியவர் உர மூட்டையோடு நிற்கிறார். போதாததற்கு, வருமானம் தரும் கால்நடையும் புள்ளி போடும் சொத்தில் வருகிறது. பசு வாங்கினால் பெயர் வெட்டுப்படுமோ என்று பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. திட்டத்தின் மிகப் பெரிய குறை இதுதான்.

கோளாறுகளில் முதலாவது பெயர். அடையாள அட்டையில் "இராமாயி", பிறப்புச் சான்றிதழில் "ராமாயி", வங்கியில் ஆங்கில எழுத்தில் வேறொன்று. வங்கி திருப்பினால் காசு நின்றுவிடும். கணக்குத் திறக்கும்போதே அடையாள அட்டையில் உள்ளபடி, தகப்பன் பெயரின் முதலெழுத்து உட்பட எழுதச் சொல்லவேண்டும். பிரதேச செயலகக் கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்தால், வாசித்துப் புரியாமல் கையெழுத்துப் போடவேண்டாம்.

அடுத்தது லயம். ஒரே அறையில் தாய் தகப்பன், கல்யாணம் கட்டிய மகன் என்று இரண்டு அடுப்பு எரியும். தனித்தனியாகச் சமைத்தால் தனித்தனிக் குடும்பமாகப் பதியச் சொல்லி ஜி.எஸ். (கிராம சேவகர்) ஐயாவிடம் கேட்கவேண்டும். வீட்டிலக்கம் இல்லாததால் கடிதம் தோட்டத்துக் கந்தோரில் கிடக்கும். கந்தோரில் போய்க் கேட்பதை ஒரு பழக்கமாக வைத்துக்கொள்ளவேண்டும்.

ஏ.ரி.எம். அட்டையைச் சில இடங்களில் கடைக்காரரோ வட்டிக்காரரோ ஈடாக வாங்கி வைத்துக்கொள்கிறார். இரகசிய இலக்கத்தோடு. அப்படியென்றால் மாதக் காசு உங்களுக்கு வரவில்லை, அவருக்குத்தான் வருகிறது. அட்டையைத் திருப்பித் தர மறுத்தால் வங்கியில் தொலைந்ததாகச் சொல்லிப் புதியது எடுக்கலாம். கடனைத் தனியாகப் பேசித் தீர்க்கலாம். கிழமைக் கடன் அறவிடுபவர்களும் காசு விழும் கிழமை எது என்று நன்றாகவே அறிவார்கள். இருக்கும் குழுக் கடன் முடியாமல் புதிதொன்று எடுத்தால் இந்தத் திட்டத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு மண் சரிந்து மலையக வீதிகள் பல அடைபட்டன. வங்கியில் காசு கிடந்தாலும் நகரத்துக்குப் போக வழியில்லாவிட்டால் அரிசி வாங்க முடியாது. இரண்டு கிழமைச் சாப்பாட்டுக்குரிய காசை வீட்டிலேயே வைத்திருப்பது மழைக்காலத்தில் கட்டாயம்.

பெயர் வெட்டுப்பட்டால் காரணம் என்ன என்று பிரதேச செயலக நலன்புரிப் பிரிவில் முதலில் கேட்கவேண்டும். 1924க்கு அழைத்தும் கேட்கலாம். காரணம் தெரியாமல் எழுதும் மேன்முறையீடு வீண். மலையகத்தில் அடிக்கடி எழும் பிரச்சினை ஒன்று வாகனம்: பழைய மோட்டார் சைக்கிளை அல்லது ஆட்டோவைத் திறந்த பத்திரத்தில் விற்றிருப்பார்கள், பதிவு இன்னும் விற்றவர் பெயரிலேயே இருக்கும். புள்ளிக் கணக்கில் அது உங்கள் சொத்து. வாங்கியவரைத் தேடிப் பிடித்துப் பெயர் மாற்றச் சொல்லுங்கள். ஆள் கிடைக்காவிட்டால், விற்றுவிட்டதாக மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவித்து, அதன் பிரதியை மேன்முறையீட்டோடு இணைத்து ஜி.எஸ். கையெழுத்துடன் கொடுங்கள். கொடுத்ததற்கு முத்திரை குத்திய ஒரு பிரதியைக் கையோடு வாங்கிக்கொள்ள மறக்கவேண்டாம்.