டானா 60 பின் ஆக்சிலும் மென்மையான ஸ்பிரிங்கும்: பாறைப் பாதையில் ஓராண்டு

என் டிரக்கின் பின்புறத்தில் டானா 60 என்ற பெரிய ஆக்சிலையும் முன்புறத்தில் அதைவிடச் சிறிய டானா 44 ஆக்சிலையும் பொருத்தி, அவற்றின் எடைக்கேற்ப ஸ்பிரிங்குகளையும் ஷாக் அப்சார்பர்களையும் மாற்றி ஓராண்டு ஆகிறது. இந்த ஓராண்டில் வண்டி பாறைச் சரிவுகளிலும் ஆற்றுப் படுகைகளிலும் முழங்கால் ஆழச் சேற்றிலும் ஓடியிருக்கிறது. பின் ஆக்சிலைப் பொறுத்தவரை எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. இதே வேலைக்கு யார் கேட்டாலும் அதையே சொல்வேன். சஸ்பென்ஷனை மட்டும் முதல் தடவை தவறாகத் தேர்ந்தெடுத்து, மூன்று மாதம் கழித்து மீண்டும் மாற்ற வேண்டியதாயிற்று. இரண்டையும் விரிவாக எழுதுகிறேன். ஆக்சிலைத் தனியாகவும் சஸ்பென்ஷனைத் தனியாகவும் யோசித்து வாங்கியதுதான் நான் செய்த பெரிய பிழை.

பழைய பின் ஆக்சில், 27 ஸ்பிளைன் (ஷாஃப்ட்டின் முனையில் கியரோடு பொருந்தும் நீள வரிகள்) கொண்ட, 30 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஷாஃப்ட்டுடன் வந்த செமி ஃபுளோட் வகை. 31 அங்குல டயரும், இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் சாதாரண டிஃபரன்ஷியலும் இருந்தவரை அது ஒரு குறையும் இல்லாமல் உழைத்தது. 37 அங்குல டயரையும், இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிச் சுழலவைக்கும் லாக்கரையும் நான் பொருத்திய பிறகு வந்த முதல் கடினமான ஏற்றத்தில், இடது பின் சக்கரம் இரண்டு பாறைகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டபோது, தடித்த மரக்கிளை முறிவதைப் போன்ற ஒரே ஓசையுடன் ஷாஃப்ட் போயிற்று. பிறகு கழற்றிப் பார்த்தபோது, முறிந்த இடத்துக்கு அருகில் ஸ்பிளைன் வரிகள் நேராக இல்லாமல் முறுக்கிய கயிற்றின் புரிகளைப் போலச் சாய்ந்திருந்தன. அன்றைக்கு ஒரே அடியில் அது உடைந்துவிடவில்லை. அதற்கு முன்பே பல தடவை முறுக்குண்டு, மீளாத அளவுக்குத் திரும்பியிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அந்த வகை ஆக்சிலில் ஷாஃப்ட்டை உள்ளே பிடித்து வைத்திருப்பது ஒரு சிறிய சி வடிவக் கிளிப்தான். ஷாஃப்ட் முறிந்ததும் சக்கரம், பிரேக் டிரம், மிச்சத் துண்டு எல்லாம் சேர்ந்து வெளியே நகரத் தொடங்கின. கியர் ஆயில் பிரேக் லைனிங் மீது வழிந்தது. வண்டியை இழுத்துச் செல்லக்கூட முடியாத நிலை.

இதில் ஆக்சிலைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். முதல் கியரின் விகிதம் 4, லோ ரேஞ்ச் எனும் கூடுதல் இழுவைக் கியரின் விகிதம் 2.72, ஆக்சில் விகிதம் 4.10 என்றால், உராய்வு இழப்பைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால் ஆக்சிலுக்கு வரக்கூடியது ஏறத்தாழ 13,400 நியூட்டன் மீட்டர். சாதாரண டிஃபரன்ஷியல் இதை இரு பக்கமும் சமமாகப் பிரிக்கும். ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றதற்கும் அந்தக் குறைந்த அளவே போய்ச் சேரும். அது பிடிப்புக்குக் கேடு, ஆனால் ஷாஃப்ட்டுக்குக் காப்பு. லாக்கர் பூட்டியதும் அந்தக் காப்பு போய்விடுகிறது. ஒரு சக்கரம் அந்தரத்தில் இருந்தால் விசை முழுவதும் தரையில் இருக்கும் மற்றச் சக்கரத்தின் ஷாஃப்ட்டில் இறங்கும். தளர்ந்த மண்ணில் டயர் வழுக்கி அதைத் தணித்துவிடும்; பாறை இடுக்கில் சிக்கிய சக்கரத்துக்கு வழுக்கவும் வழியில்லை. ஆகவே டயரின் அளவை மட்டும் பார்த்து ஆக்சில் தேர்ந்தெடுப்பவர்களிடம், லாக்கர் பொருத்தும் எண்ணம் இருக்கிறதா என்று நான் முதலில் கேட்பேன்.

டானா 60 ஷாஃப்ட்டின் தடிமன், நான் வாங்கிய 35 ஸ்பிளைன் வகையில், 1.5 அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். எண்ணளவில் எட்டு மில்லிமீட்டர்தான் கூடுதல். ஆனால் முறுக்குக்குத் தாங்கும் வலிமை விட்டத்தின் முப்படியைப் பொறுத்து ஏறுவதால், ஒரே தர எஃகு என்றாலும் பழையதைப் போல இரு மடங்கு தாங்கும். ஆக்சிலின் நடுவிலுள்ள பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டம் 9.75 அங்குலம். இதுவும் முக்கியம். டயர் 31 அங்குலத்திலிருந்து 37 ஆனால், பழைய 4.10 விகிதத்தின் இழுவையை மீட்க 4.88 விகிதம் தேவைப்படுகிறது. விகிதம் கூடக் கூட, கிரவுன் வீலைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியன் சிறுத்துப் பற்கள் நலியும். பெரிய கிரவுன் வீலில் அந்த நலிவைத் தாங்க இடம் உண்டு. சிறிய ஆக்சிலில் கியரை மட்டும் மாற்றுவது ஒரு பலவீனத்தை இன்னொரு பலவீனத்துக்கு மாற்றுவதாகவே முடியும்.

எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஃபுல் ஃபுளோட் அமைப்பு. செமி ஃபுளோட் வகையில் வண்டியின் எடையையும் முறுக்கையும் ஒரே ஷாஃப்ட் சுமக்கிறது. ஃபுல் ஃபுளோட் வகையில் ஹப்பின் இரண்டு பேரிங்குகளும் ஸ்பிண்டில் குழாய் மீது அமர்ந்து எடையைத் தாங்கிக்கொள்ள, ஷாஃப்ட்டுக்கு முறுக்கும் வேலை மட்டுமே மிஞ்சுகிறது. சக்கரத்தின் நடுவிலுள்ள போல்டுகளைக் கழற்றினால், ஜாக்கி வைக்காமலே, வண்டி தன் சக்கரத்திலேயே நின்றிருக்க, ஷாஃப்ட்டை உருவி எடுத்துவிடலாம். காட்டுக்குள் ஒரு ஷாஃப்ட் முறிந்தாலும் அதை உருவிப்போட்டு, ஹப்பின் வாயை மூடிவிட்டு, முன் சக்கர இழுவையில் வீடு திரும்பலாம். பழைய ஆக்சிலோடு ஒரு இரவைப் பாறை நடுவே கழித்தவனுக்கு இதன் அருமை தெரியும்.

பழைய டானா 60 வாங்குபவர்கள் பெயரை நம்பி வாங்கிவிடக் கூடாது. அதே பெயரில் 30 ஸ்பிளைன், 1.31 அங்குல ஷாஃப்ட்டோடு வந்த பின் ஆக்சில்களும் ஏராளம். அந்த அளவு டானா 44 ஷாஃப்ட்டுக்குச் சமம். ஒரு பக்க ஷாஃப்ட்டை உருவி, ஸ்பிளைன்களை எண்ணிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள். கிரவுன், பினியனைப் பொருத்துபவரின் கைத்திறமையும் ஆக்சிலைப் போலவே முக்கியம். பற்களுக்கிடையே இருக்க வேண்டிய தளர்வு பொதுவாக 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர் வரைதான். பற்களில் சாயம் தடவிச் சுழற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று எனக்குக் காட்டிய பிறகுதான் மூடியைப் பூட்டச் சொன்னேன். முதல் 800 கிலோமீட்டருக்குப் பாரம் ஏற்றாமல் ஓட்டி ஆயிலை மாற்றினேன். வடித்த ஆயிலில் மெல்லிய சாம்பல் பொடி இருந்தது, துகள் எதுவும் இல்லை.

டானா 60இன் குறைகளும் உண்மையானவை. எடை அதிகம், பெரிய ஹவுசிங் பழையதைவிட ஏறத்தாழ ஓர் அங்குலம் கீழே தொங்குகிறது. 37 அங்குல டயர் ஆக்சிலின் மையத்தை மூன்று அங்குலம் உயர்த்துவதால் எனக்கு இறுதியில் இலாபமே. 33 அங்குல டயரோடு நிறுத்திக்கொள்பவருக்கு இந்த இலாபம் ஏறத்தாழ இல்லாமலே போகும். அவர்களுக்கு 8.5 அங்குலக் கிரவுன் வீல் கொண்ட டானா 44 போதும் என்பது என் கருத்து.

முன்புறத்தில் டானா 44ஐ நான் வேண்டுமென்றே வைத்தேன். முன் ஆக்சிலில் முதலில் உடைவது பெரும்பாலும் ஸ்டீயரிங் முனையில் இருக்கும் யூ ஜாயின்ட் (ஷாஃப்ட்டை மடங்கவிடும் இணைப்பு) அல்லது அதைப் பிடித்திருக்கும் கவை போன்ற யோக்கின் காதுகள். ஸ்டீயரிங் முழுவதும் திரும்பியிருக்கும்போது ஜாயின்ட்டின் கோணம் கூடுவதால், நேராக இருக்கும்போது தாங்கும் விசையை அப்போது தாங்காது. குரோமோலி எஃகால் ஆன 4340 தர ஷாஃப்ட்டுகளைப் போட்டிருக்கிறேன். அதோடு, முன் லாக்கர் பூட்டியிருக்கும்போது சக்கரத்தை ஓரளவு நேராக்கிக்கொண்டுதான் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறேன். ஓராண்டில் ஒரு யூ ஜாயின்ட் மட்டும் தளர்ந்து மாற்றியிருக்கிறேன். ஒரு பாகம் உடைந்தே தீர வேண்டுமென்றால் அது கைக்கு எட்டும் இடத்தில், அரை மணியில் மாற்றக்கூடியதாக இருக்கட்டும்.

இனி சஸ்பென்ஷன். கனமான ஆக்சிலுக்குக் கனமான ஸ்பிரிங் வேண்டும் என்று நினைத்து, எப்போதும் பாரம் ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கான தடித்த கமான் பட்டைகளைப் பின்னால் போட்டேன். அந்த நினைப்பு அடிப்படையிலேயே தவறு. ஸ்பிரிங் தாங்குவது அதற்கு மேலே இருக்கும் எடையை. ஆக்சில் அதற்குக் கீழே இருக்கிறது. என் வண்டியில் பின் மூலை ஒன்றின் மேல் இருக்கும் எடை சுமார் 450 கிலோ. அந்தப் பட்டைகளின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 60 நியூட்டன். ஆகவே வண்டி நிற்கும்போது அவை 74 மில்லிமீட்டர்தான் அமிழ்ந்திருந்தன. சக்கரம் ஒரு பள்ளத்தில் அதற்கு மேல் இறங்கினால் ஸ்பிரிங்குக்கு அதைத் தரையில் அழுத்தத் தெம்பு மிஞ்சாது. விளைவு, சிறிய பள்ளத்திலும் ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றியது; விசை முழுவதும் மற்ற ஷாஃப்ட்டில் இறங்கியது. எந்தச் சுமையிலிருந்து ஆக்சிலைக் காப்பாற்றச் செலவழித்தேனோ, அந்தச் சுமையை என் ஸ்பிரிங்கே உண்டாக்கிக்கொண்டிருந்தது.

இப்போது இருப்பவை மெல்லிய இலைகள் பலவற்றை அடுக்கிய, நீளம் கூடிய பட்டைகள். விறைப்பு மில்லிமீட்டருக்கு 35 நியூட்டன். அமிழ்வு 126 மில்லிமீட்டர். வண்டியின் இயல்பான ஆட்டம் நொடிக்கு 1.84 தடவையிலிருந்து 1.4 தடவையாகக் குறைந்தது. முன்பு வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் இப்போது பேசிக்கொண்டே வருகிறார்கள். மென்மையான பட்டைகளுக்கு ஒரு தீங்கு உண்டு: கடும் இழுவையில் அவை எஸ் வடிவில் வளைந்து, ஆக்சிலைச் சுழலவிட்டு, எஞ்சினின் விசையை ஆக்சிலுக்குக் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் குதறும். ஆக்சிலிலிருந்து சட்டகத்துக்கு ஒரு டிராக்‌ஷன் பார் போட்ட பிறகு அது நின்றது.

ஆக்சிலின் எடை உண்மையில் கணக்கில் வர வேண்டிய இடம் ஷாக் அப்சார்பர். ஒவ்வொரு மேட்டிலும் மேலே எறியப்படும் அந்தக் கனத்தை அடக்குவது அதன் வேலை. பழைய ஷாக்குகள் கற்கள் நிறைந்த பாதையில் இருபது நிமிடத்தில் தொட முடியாத அளவுக்குச் சூடாகி, எண்ணெயில் நுரை கட்டி, பிடியை இழந்தன. இப்போது நைட்ரஜன் அழுத்தமும் தனி ரிசர்வாயரும் கொண்ட மோனோடியூப் (ஒற்றைக் குழாய்) வகை இருக்கிறது. எண்ணெயும் வாயுவும் ஒரு பிஸ்டனால் பிரிக்கப்பட்டிருப்பதால் நுரைப்பதில்லை. ஆக்சில் மேலே எழும்புவதை நிறுத்தும் தடுப்பான பம்ப் ஸ்டாப்பை, ஷாக் முழுவதும் மடங்குவதற்கு முன்பே ஆக்சில் அதில் மோதும்படி, அளந்து வைத்தோம். இதைச் செய்யாததால் புதிய ஷாக்குகளின் தண்டு வளைந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

வண்டியை இரண்டரை அங்குலத்துக்கு மேல் நான் உயர்த்தவில்லை. உயர்த்தும் ஒவ்வோர் அங்குலமும் முன் ஆக்சிலைச் சுழற்றி, சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வான காஸ்டர் கோணத்தைக் குறைக்கிறது. ஸ்டீயரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்பும் குணம் மங்குகிறது. ஆக்சிலைச் சட்டகத்தோடு இணைக்கும் ஆர்ம்களில் திருத்தப்பட்டவற்றைப் போட்டு, காஸ்டரை மீண்டும் 5 டிகிரிக்குக் கொண்டுவந்தோம். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் டிராக் பாரும் (track bar), ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க்கும் (drag link) ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். இணை தவறினால் சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானே திரும்பும். பிரேக் ஹோஸ்களை, ஆக்சில் முழுவதும் தொங்கும் நிலையில் அளந்து, நீளமாக வாங்கினோம்.

சென்ற வாரம் பின் ஷாஃப்ட்டுகள் இரண்டையும் உருவி வெயிலில் வைத்துப் பார்த்தேன். 35 வரிகளும் நூல் பிடித்தாற்போல நேராக இருந்தன. ஹப் பேரிங்குகளில் கிரீஸ் நிறம் மாறவில்லை. இடது பட்டையின் முன் கண்ணிலுள்ள ரப்பர் புஷ் ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. அதை மட்டும் மாற்றிவிட்டு, புதிய கேஸ்கெட்டோடு ஷாஃப்ட்டுகளைத் திரும்பப் பூட்டினேன்.