பேலியோபயாலஜி டேட்டாபேஸ் நேவிகேட்டர்: 54 கோடி ஆண்டு உயிர் வரலாற்றைத் துழாவிப் பார்க்க ஒரு இலவசத் தளம்

பரிணாமம் பற்றி நாம் படித்ததில் பெரும்பாலும் கலாபகஸ் தீவுக் குருவிகளின் அலகு, இங்கிலாந்தின் கருப்பு அந்துப்பூச்சி இந்த மாதிரிதான் இருக்கும். எல்லாமே சில தலைமுறைகளில் கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள். ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகளை மொத்தமாகப் பார்த்தால் என்ன தெரிகிறது, எந்தக் கூட்டம் எப்போது பெருகியது, எப்போது விழுந்தது, விழுந்ததன் இடத்தை யார் பிடித்தார்கள் என்ற கேள்விகளுக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் கிடைத்தாலே அதிகம். அந்தக் குறையைத் தீர்க்க, உலகெங்கும் கிடைத்த புதைபடிவங்களின் பதிவுகளை வரைபடத்தில் காட்டும் பேலியோபயாலஜி டேட்டாபேஸ் நேவிகேட்டரைவிட நல்ல தளம் எனக்குத் தெரிந்து இல்லை. கணக்கு தொடங்க வேண்டாம், பணம் கட்ட வேண்டாம், பிரவுசரில் திறந்தால் போதும்.

திறந்ததும் உலக வரைபடமும் அதன் மேல் வண்ண வண்ணப் புள்ளிகளும் வரும். ஒவ்வொரு புள்ளியும் புதைபடிவம் கிடைத்த ஓர் இடம், அதன் நிறம் பாறையின் வயது. கீழே சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆரம்பித்த கேம்ப்ரியன் காலத்தில் தொடங்கி இன்றுவரை காலப்பட்டை ஓடுகிறது. அதில் பெர்மியனை (சுமார் 30 கோடி முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலம்) தொட்டால் பெர்மியன் புள்ளிகள் மட்டும் மிஞ்சும், இன்னொரு பொத்தானை அழுத்தினால் கண்டங்களும் அந்தக் காலத்தில் இருந்த இடத்துக்கு நகர்ந்துவிடும். புள்ளியைத் தட்டினால் அங்கே என்னென்ன உயிரினங்கள் கிடைத்தன, எந்த ஆய்வுக் கட்டுரையிலிருந்து அந்தத் தகவல் எடுக்கப்பட்டது என்பதுவரை திறக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்தக் கடைசி வசதிதான். எந்தத் தகவலும் அந்தரத்தில் நிற்பதில்லை, பின்னால் ஒரு கட்டுரை இருக்கிறது, அதைத் தேடிப் படிக்கலாம்.

இப்படித் தகவல் திரட்டும் வேலைக்கு வழிகாட்டி அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் ஜாக் செப்கோஸ்கி. கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் பற்றி உலகெங்கும் சிதறிக்கிடந்த கட்டுரைகளை நூலகங்களில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் படித்து, எந்தக் குடும்பம் (நெருங்கிய பேரினங்கள் சேர்ந்த பிரிவு) எப்போது முதலில் தென்படுகிறது, எப்போது கடைசியாகத் தென்படுகிறது என்று பட்டியல் போட்டார். 1982இல் அவரும் டேவிட் ராப்பும் சேர்ந்து அந்தப் பட்டியலை அலசியபோதுதான் ஐந்து பேரழிவுகள் எண்களாக எழுந்து நின்றன: ஆர்டோவிசியன் முடிவு, டெவோனியனின் பிற்பகுதி, பெர்மியன் முடிவு, டிரையாசிக் முடிவு, கிரெட்டேசியஸ் முடிவு. பேரினங்களுக்கு (நெருங்கிய இனங்கள் சேர்ந்த சிறு பிரிவு) அவர் தயாரித்த பட்டியல் அவர் இறந்த பிறகு 2002இல் வெளியானது. ஒரு மனிதர் இதைச் செய்தார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. பேலியோபயாலஜி டேட்டாபேஸ் அதே வேலையைப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து செய்வது. கூடுதலாக, ஒவ்வொரு புதைபடிவமும் எந்த இடத்தில், எந்தப் பாறை அடுக்கில் கிடைத்தது என்பதையும் பதிகிறார்கள். அந்த இடக்குறிப்பு இல்லாவிட்டால் நேவிகேட்டர் என்ற ஒன்றையே கட்டியிருக்க முடியாது.

சரி, முதலில் எதைத் தேடுவது? டைனோசரைத் தேடத்தான் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும், தேடுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். என் சிபாரிசு பிராக்கியோபாடும் மட்டியும். பிராக்கியோபாடை முதலில் பார்ப்பவர் மட்டி என்றே நினைப்பார், இரண்டு ஓடு, கடலடி வாழ்க்கை, நீரை வடித்துச் சாப்பிடும் பழக்கம் எல்லாம் அப்படியே. ஆனால் இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. பழைய பாறைகளில் பிராக்கியோபாடுகள் குவிந்து கிடக்கின்றன, இன்றைய கடற்கரையில் நம் காலில் மிதிபடுவது முழுக்க மட்டியும் நத்தையும்தான். அதனால் மட்டிகள் திறமைசாலிகள், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டியிட்டுப் பிராக்கியோபாடுகளை ஓரங்கட்டிவிட்டன என்று ஒரு கதை நெடுங்காலம் சொல்லப்பட்டது. கேட்க நன்றாக இருக்கிறது, வலியது வெல்லும் என்று நாம் நம்பி வளர்ந்ததோடும் பொருந்திப்போகிறது.

இப்போது தேடல் பெட்டியில் பிராக்கியோபோடா என்று ஆங்கில எழுத்தில் தட்டி, வகைகளின் எண்ணிக்கை காலப்போக்கில் எப்படி மாறியது என்ற வரைகோட்டை வரையச் சொல்லுங்கள், பிறகு பைவால்வியாவுக்கும் (மட்டிகளின் அறிவியல் பெயர்) அதையே செய்யுங்கள், இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று ஏற ஏற இன்னொன்று இறங்கும் படம் வராது. பிராக்கியோபாடுகள் ஏறி இறங்கித் தடுமாறினாலும் பெர்மியன் வரை தாக்குப்பிடிக்கின்றன, அப்புறம் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே சரிவு. மட்டிகளுக்கும் அந்த நேரத்தில் அடி விழுகிறது, ஆனால் எழுந்துவிடுகின்றன, அதன் பிறகு ஏறிக்கொண்டே போகின்றன. புதைபடிவ ஆய்வாளர்கள் ஸ்டீஃபன் ஜே கூல்டும் பிராட்ஃபோர்ட் கல்லவேயும் 1980இல் எழுதியது இதைத்தான்: நீண்ட போட்டியில் ஒன்று தோற்றதாகச் சொல்ல எண்கள் இடம் தரவில்லை, பெர்மியன் பேரழிவு பிராக்கியோபாடுகளை மிகக் கடுமையாகத் தாக்கியது, அங்கேதான் ஆட்டம் மாறியது. சைபீரியாவில் பொங்கிய எரிமலைக் குழம்போடு வெளியேறிய கார்பன் டைஆக்சைடு கடலைச் சூடாக்கி, அமிலமாக்கி, ஆக்சிஜனையும் குறைத்தபோது, கனத்த சுண்ணாம்பு ஓட்டைச் சுமந்துகொண்டு மெதுவான வளர்சிதைமாற்றத்தோடு வாழ்ந்த உயிர்கள் அதிகமாக மாண்டன, பிராக்கியோபாடுகள் அந்த வகை. விவாதம் அதோடு முடிந்துவிடவில்லை, இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று தொடவே இல்லை என்று சொல்லிவிட முடியாது என 2015இல் வந்த ஒரு ஆய்வு மறுபடி கிளறியது. ஆனாலும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் யார் எஞ்சுகிறார்கள் என்பதை அன்றாடப் போட்டி மட்டும் முடிவு செய்வதில்லை, அபூர்வமான பேரிடரின் தன்மையும் முடிவு செய்கிறது என்பதை வீட்டு மேசையில் உட்கார்ந்தபடியே நாம் சோதித்துப் பார்க்க முடிகிறது இல்லையா, அதற்காகவே இந்தத் தளத்தைக் கொண்டாடலாம்.

பழங்காலக் கடலில் வாழ்ந்த கணுக்காலியான டிரைலோபைட்டையும் போட்டுப் பாருங்கள். பெர்மியன் முடிவில் அழிந்தன என்று ஒரு வரியில் படித்திருப்போம், வரைகோட்டைப் பார்த்தால் அவை அதற்கு வெகு முன்பே மெலிந்துவிட்டது தெரியும். அவற்றில் பெர்மியனுக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு வரிசைதான் (பல குடும்பங்கள் சேர்ந்த பெரிய பிரிவு).

அடுத்து நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். இந்த வரைகோடுகளை அப்படியே நம்பக் கூடாது. காலப்பட்டையின் கட்டங்கள் சம அளவு கிடையாது: டிரையாசிக்கின் நோரியன் சுமார் 2 கோடி ஆண்டுகள் நீள்கிறது, ஜுராசிக்கின் முதல் கட்டமான ஹெட்டாஞ்சியன் சுமார் 20 லட்சம்தான். நீளமான கட்டத்தில் அதிக வகைகள் சேர்ந்துவிடுவது இயல்பு, அதைப் பெருக்கம் என்று படித்துவிடக் கூடாது. ஒரு இனத்தின் கடைசிப் புதைபடிவம் அந்த இனத்தின் கடைசி உயிரியுடையதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பதால் திடீர் அழிவுகூடப் படிப்படியாக நடந்ததுபோல் தோன்றும், இதை ஃபிலிப் சிக்னரும் ஜெரி லிப்ஸும் 1982இல் விளக்கினார்கள். நமக்கு அருகில் இருக்கும் காலத்தின் பாறைகள் அதிகம் தப்பியிருக்கின்றன, அதனாலும் கோடு கடைசியில் விர்ரென்று ஏறுகிறது. செப்கோஸ்கியின் புகழ்பெற்ற வரைகோட்டில் தெரிந்த அந்தக் கடைசி ஏற்றத்தை, இதே டேட்டாபேஸின் தரவை எடுத்து மாதிரி அளவைச் சமப்படுத்தி (எல்லாக் காலத்துக்கும் ஒப்பிடத்தக்க அளவு பதிவுகளை மட்டும் எடுத்து) பார்த்த ஜான் ஆல்ராய் குழு, 2008இல் வெகுவாகக் குறைத்துக் காட்டியது.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்துவது வரைபடமே காட்டும் ஏற்றத்தாழ்வு. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் புள்ளிகள் அப்பிக் கிடக்கும், ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி வெறுமையாக இருக்கும். உயிர் அங்கே இல்லாமல் போய்விடவில்லை, தோண்டவும் பதிவு செய்யவும் பணம் எங்கே இருந்தது என்பதுதான் காரணம். நுசைபா ராஜா, எம்மா டன் முதலானோர் இந்த டேட்டாபேஸையே ஆராய்ந்து, 1990 முதலான முப்பது ஆண்டுத் தரவில் 97 சதவீதம் உயர் வருவாய், உயர் நடுத்தர வருவாய் நாடுகளின் ஆய்வாளர்களிடமிருந்து வந்தது என்று எழுதினார்கள். பூமியின் வரலாறு என்று நாம் வரையும் கோட்டில் காலனி ஆட்சியின் வரலாறும் கலந்திருக்கிறது. இதைத் தளத்தின் குற்றமாக நான் சொல்லவில்லை, அது பதிவானதைத்தான் காட்ட முடியும், ஆனால் முகப்பிலேயே பெரிய எழுத்தில் ஒரு எச்சரிக்கை இருந்தால் முதன்முறை வரும் மாணவர்களுக்கு உதவும்.

நம் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். கிரெட்டேசியஸைத் தேர்ந்தெடுத்துத் தமிழ்நாட்டை நெருங்கினால் அரியலூர், ஊட்டத்தூர் பக்கத்துக் கடல் படிவுகள் இருக்கும் பகுதி வரும், அம்மோனைட்டும் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிர்) மட்டியும் நத்தையும் கிடைக்கும் மண் அது. அந்தப் படிவங்களை விரிவாக விவரித்தவர் 1860களில் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. கண்டங்களை நகர்த்தும் பொத்தானையும் அழுத்துங்கள், இந்தியா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே மடகாஸ்கர் பக்கம் போய் நிற்கும். அரியலூர்ப் பக்கம் இருக்கும் ஆசிரியர்கள் இதை வகுப்பில் ஒருமுறை காட்டினால் போதும், சுண்ணாம்புக் கல் ஏற்றிப் போகும் லாரியைப் பிள்ளைகள் வேறு மாதிரி பார்ப்பார்கள்.

நடைமுறையில் சில சிரமங்கள் உண்டு. எல்லாம் ஆங்கிலத்தில், அதுவும் அறிவியல் பெயர் தெரிந்திருக்க வேண்டும். கைபேசித் திரை இதற்குப் போதாது, மடிக்கணினியாவது வேண்டும். வரைகோட்டின் கீழே வரும் சொற்களுக்கு உதவிப் பக்கத்தை ஒருமுறை பொறுமையாகப் படித்துவிடுவது நல்லது. விலங்கியல், புவியியல் படிக்கும் கல்லூரி மாணவர்களுக்குத் தயங்காமல் சிபாரிசு செய்வேன், பத்து வயதுப் பிள்ளைக்கு என்றால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். தேடி எடுத்த தரவை அட்டவணையாக இறக்கிக்கொள்ளலாம், மூலத்தைக் குறிப்பிட்டால் எங்கும் பயன்படுத்தலாம் என்ற உரிமமும் இருக்கிறது. கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தவர்கள் பிராக்கியோபாடு, மட்டித் தரவை இறக்கி, மாதிரி அளவைச் சமப்படுத்தி, கூல்ட் சொன்னது இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள்.